பாரதி பாட்டை வைத்து பிஜி வரலாறு நடத்தலாமா?

ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கும் ஓர் ஆசிரியை கேட்கிறார்: ‘ஒப்பந்தக் கூலிகள் பாடத்துக்கு பாரதியின் “கரும்புத் தோட்டத்திலே” பாட்டை வாசித்துக் காட்டலாமா? கவிஞரின் கற்பனையைப் பிள்ளைகள் வரலாறு என்று எழுதிவிட மாட்டார்களா?’

தாராளமாகக் காட்டுங்கள். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் கூலிகளாக வாடிய இந்தியப் பெண்களைப் பற்றிய பாட்டு அது. பாரதி பிஜிக்குப் போனதே இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்கள் விம்மி அழும் குரலைக் கேட்டிருப்பாயே என்று அவர் காற்றிடம்தானே கேட்கிறார்? அங்கே நிறுத்தி, ஏன் காற்றிடம் கேட்கிறார் என்று வகுப்பைக் கேளுங்கள். இங்கிருந்தவர்களுக்கு அந்தச் சேதி எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது, வந்தபோது எப்படிச் சுட்டது என்பதற்கு அந்தப் பாட்டே சாட்சி. பாட்டில் இல்லாததைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்: 1879 முதல் 1916 வரை கப்பலேற்றப்பட்டவர்கள் அறுபதாயிரத்துக்கும் மேல், ஒப்பந்தம் 5 வருடம், சென்னையிலிருந்து ஆள் அனுப்பத் தொடங்கியது 1903ல். ஆசை காட்டிக் கையெழுத்து வாங்கிய ஆள் பிடிக்கிறவர்களும் பாட்டில் இல்லை, அவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆனால் கைடு புத்தகத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். பாட்டை நாலு வரி ‘மையக்கருத்து’ ஆக்கி விற்கிறவர்களால்தான் பிள்ளைகளுக்குக் கவிதையும் போகிறது, வரலாறும் போகிறது. வாட்ஸ்அப்பில் பாரதி பெயர் போட்டு வரும் வரிகளை நூலில் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டு போகாதீர்கள். கட்டபொம்மன் 1798ல் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததைக் கேட்டால், 1959ல் வந்த படத்தின் வசனத்தை விடைத்தாளில் எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அதைத் திருத்தாமல் மதிப்பெண் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒன்றே ஒன்று வேறு மாதிரி. இலங்கை மலையகத் தோட்டப் பாடல்கள். அங்கே கொழுந்து பறித்தவர்களே பாடியவை அவை, தூரத்திலிருந்து யாரோ இரங்கி எழுதியவை அல்ல. துரையின் கணக்கேட்டில் அவர்கள் வெறும் பெயரும் கூலியும்தான், வேலை வாங்கும் கங்காணியின் கெடுபிடியை அவர்கள் வாயால் கேட்க வேண்டுமென்றால் பாட்டுக்குத்தான் போக வேண்டும். ஆகவே அவற்றைப் பாடத்துக்குத் துணை என்று ஒதுக்காதீர்கள், ஆவணமாகவே வாசியுங்கள். வாய்வழி வந்ததால் வரி மாறியிருக்கும், வருடம் தெரியாது, அதையும் சொல்லிவிட்டு வாசியுங்கள்.

தமிழாசிரியரும் வரலாற்றாசிரியரும் ஒரு பீரியட் சேர்ந்து எடுத்தால் இது அழகாக முடியும். நம் கால அட்டவணையில் அதற்கு இடமே இல்லை, கேட்டால் போர்ஷன் முடிந்ததா என்பார்கள். சரி, ஒரே பீரியட்தான் என்றால் பாட்டை முழுக்க ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள், பதவுரை வேண்டாம், பிறகு அந்தக் காற்றுக் கேள்வியை மட்டும் கேளுங்கள்.