கீசர் வால்வில் தண்ணீர் சொட்டுகிறது, அடைத்துவிடலாமா?

கேள்வி: சுடுதண்ணீர் போடும்போது கீசருக்கு அடியில் இருக்கும் வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக வடிகிறது. எண்ட் கேப் போட்டு அடைத்துவிடலாம் என்கிறார் பிளம்பர். செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். சொட்டுகிறது என்றால் அந்த வால்வு வேலை செய்கிறது.

கீசருக்குள் குளிர்ந்த நீர் நுழையும் குழாயில் இருக்கும் அந்தச் சின்னப் பித்தளைத் துண்டில் பெரும்பாலும் இரண்டு வால்வுகள் சேர்ந்தே இருக்கும். ஒன்று, சூடான நீர் பின்வாங்கி மற்றக் குழாய்களுக்குப் போகாமல் தடுக்கும் ஒருவழி வால்வு. மேல்தொட்டி காலியானாலும் கீசர் வற்றாமல் காப்பதும் இதுதான். கீசர் வற்றினால் நீரைச் சூடாக்கும் காயில் எரிந்துபோகும். இன்னொன்று அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு.

25 டிகிரி நீரை 75 டிகிரிக்குக் காய்ச்சினால் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் விரிவடையும். 15 லிட்டர் கீசரில் அது ஒரு பெரிய டம்ளர் அளவு. பின்னால் போக ஒருவழி வால்வு விடாது, குழாயும் மூடியிருக்கிறது. அந்த நீர் வேறெங்கே போகும்? உள்ளே அழுத்தம் ஏற, வால்வு கொஞ்சம் திறந்து வடித்துவிடுகிறது. அதை அடைத்துவிட்டு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்‌அவுட்டும் ஒருநாள் பழுதானால் தொட்டியே வெடிக்கலாம்.

கீசர் அணைந்து ஆறிய பிறகும் ஓயாமல் ஒழுகினால் கதை வேறு. போர் தண்ணீர் வீடுகளில் வால்வுக்குள் உப்பு படிந்து சரியாக மூடாது. பிரஷர் பம்ப் வைத்திருந்தால் அழுத்தமே அதிகமாக இருக்கலாம். வால்வை மாற்றுங்கள், செலவு பெரிதல்ல. சொட்டும் நீர் தொந்தரவென்றால், வால்வின் வாயில் ஒரு சின்ன டியூப் மாட்டித் தரைச் சல்லடை வரை இறக்கிவிடுங்கள். டியூபின் மறுமுனை திறந்தே இருக்கட்டும்.