மலையகத்தைச் சுற்றிப் பார்க்க மோட்டர்ஹோம் எடுப்பதா, அறை எடுத்துத் தங்குவதா?

நீங்கள், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைக் கடந்த தாயார் என ஐந்து பேராகத் தமிழ்நாட்டின் மலையூரான கூடலூரிலிருந்து இலங்கை மலையகத்துக்குப் பத்து நாள் பயணம் வரப்போகிறீர்கள். வெளிநாட்டில் படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உள்ள வாகனமான மோட்டர்ஹோமை வாடகைக்கு எடுத்தால் நினைத்த இடத்தில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கலாம், விடுதிச் செலவு மிச்சம் என்று நண்பர்கள் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதோடு, தாயார் லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இளம் வயதில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர் என்றும், அவர் பிறந்த லயத்தை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டை) ஒருமுறை பார்ப்பதே பயணத்தின் முதல் நோக்கம் என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிதான் என் பதிலைத் தீர்மானித்தது.

மோட்டர்ஹோம் வேண்டாம். தமிழ் பேசும் சாரதியுடன் ஒரு வேன் எடுங்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் ஓரிடம், பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்தில் இன்னோரிடம் என இரண்டே தங்குமிடங்களை வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு நாள் புகையிரதத்தில் செல்லுங்கள். நான் ஹட்டனில் வசிப்பவன். பல ஆண்டுகள் சுற்றுலா வேன் ஓட்டியவன். நியூசிலாந்தில் வாழும் தம்பி குடும்பத்துடன் அந்நாட்டின் தெற்குத் தீவை மோட்டர்ஹோமில் சுற்றியும் இருக்கிறேன். ஆகவே அந்த வாகனத்தின் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை இரண்டு பக்கமும் பார்த்தவனாகச் சொல்கிறேன்.

நியூசிலாந்தில் அது மிகவும் நன்றாகப் பொருந்துகிறது. ஊருக்கு ஊர் விடுமுறைப் பூங்காக்கள் இருக்கின்றன. அங்கே வாகனத்துக்கு மின் இணைப்பும், குடிநீரும், கழிவுநீரை வெளியேற்றும் இடமும், பொதுச் சமையலறையும் கிடைக்கும். அரசின் இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களம் நடத்தும் எளிய முகாம் இடங்கள் தனி. கட்டணமில்லாமல் வெளியே நிறுத்தித் தூங்குவதற்குக்கூடச் சட்டம் இருக்கிறது: 2023இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, உள்ளே நிலையாகப் பொருத்தப்பட்ட கழிப்பறை இல்லாத வாகனம் தன்னிறைவு வாகனம் என்ற சான்றிதழைப் பெற முடியாது, அந்தச் சான்றிதழ் இல்லாமல் பல இடங்களில் இரவு நின்றால் அபராதம். புக்காக்கி ஏரிக்கரையில், எதிரே 3,724 மீற்றர் உயர ஆவோராக்கி மலை தெரிய, வாகனத்துக்குள்ளேயே தேநீர் வைத்துக் குடித்தது எனக்கு மறக்க முடியாத மகிழ்ச்சி. வயதானவர்கள் கழிப்பறையைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதும் பெரிய வசதி.

ஆனால் அங்கும் அது மலிவானது என்று நினைத்துவிடாதீர்கள். நாள் வாடகையோடு காப்புறுதி, பூங்காக் கட்டணம், டீசல் வாகனமானால் ஓடிய கிலோமீற்றருக்கு ஏற்ற வீதிப் பயன்பாட்டுக் கட்டணம், எடுத்த ஊரை விட்டு வேறு ஊரில் ஒப்படைத்தால் அதற்கொரு தொகை என்று ஒவ்வொன்றாகச் சேரும். காப்புறுதியைக் குறைத்து எடுத்தால், சேதத்துக்குப் பிணையாகச் சில ஆயிரம் டொலரைக் கடனட்டையில் பிடித்து வைப்பார்கள். சில வீதிகளில் காப்புறுதியே செல்லாது; குயின்ஸ்டவுன் அருகிலுள்ள ஸ்கிப்பர்ஸ் வீதி அப்படிப்பட்டது. மாலையானால் மேசையை மடித்துப் படுக்கையாக்க வேண்டும், காலையில் கழிவுப் பெட்டியை ஒருவர் இழுத்துச் சென்று கொட்டிக் கழுவ வேண்டும். சாரதி ஆசனத்துக்கு மேலுள்ள படுக்கைக்கு ஏணியில்தான் ஏற வேண்டும். பிள்ளைகள் அதை விரும்புவார்கள். உங்கள் தாயாரால் முடியாது. இத்தனையையும் தாண்டி அது அங்கே நல்ல தேர்வாக இருப்பதற்கு ஒரே காரணம், இரவில் எங்கே நிற்கலாம், கழிவை எங்கே கொட்டலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த நாடு முன்கூட்டியே விடை வைத்திருப்பதுதான்.

எந்த நாட்டுக்குச் செல்வதானாலும் இந்த இரண்டையும்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. மலையகத்தில் இவற்றுக்கு விடை கிடைப்பது கடினம். வேனை மாற்றியமைத்த சிறிய கேம்பர்கள் இலங்கையிலும் வாடகைக்குக் கிடைக்கின்றன; ஆனால் அவற்றுக்கென மின் இணைப்பும் கழிவகற்றும் வசதியும் கொண்ட பூங்காக்கள் இந்த மலைகளில் பரவலாக இல்லை. வீதியோரத்து நிலத்தில் பெரும்பகுதி தோட்டத்துக்குச் சேர்ந்தது. பெரும்பாலான தோட்டங்களை 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகள் நிர்வகிக்கின்றன. அவர்களுடைய அனுமதியின்றி இரவில் வாகனத்தை நிறுத்தினால் காவலாளி வந்து எழுப்புவார். மற்றவை வனமாகவோ, புகையிரத நிலமாகவோ, யாரோ ஒருவரின் வீட்டு முற்றமாகவோ இருக்கும். ஹோட்டன் சமவெளியில் தூங்கலாமே என்று உங்கள் நண்பர்கள் சொல்லக்கூடும். அது தேசிய வனம். வனஜீவராசிகள் திணைக்களத்தின் முன் அனுமதியுடன், குறித்த முகாம் இடத்தில் மட்டுமே தங்க முடியும்.

கழிவைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். எங்கள் லயங்கள் பலவற்றுக்குக் குடிநீர் மேட்டில் ஊறும் ஓடையிலிருந்து குழாய் வழியாக வருகிறது. பார்ப்பதற்கு ஆளில்லாத காடு போலத் தெரியும் ஒரு வளைவில் நீங்கள் பாத்திரம் கழுவிய நீரையோ கழிவையோ ஊற்றினால், அதற்குக் கீழே ஒரு லயத்தில் ஒருவர் அந்த நீரை ஏந்திக்கொண்டிருக்கலாம். லிந்துலைப் பக்கத்தில் அதையும் தாண்டி ஓடும் நீர் மேல் கொத்மலை, கொத்மலை நீர்த்தேக்கங்கள் வழியாக மகாவலியில் கலந்து வெகுதூரம் செல்கிறது. உங்கள் குடும்பம் அப்படிச் செய்யாது என்று நம்புகிறேன். ஆனால் முறையாகக் கொட்ட இடமில்லாத ஊரில் நல்லவர்களுக்கும் வேறு வழி இருக்காது.

அடுத்தது வீதி. நீங்கள் கூடலூர்க்காரர், மலைப்பாதை உங்களுக்குப் புதிதல்ல. வாகனமும் இந்தியாவைப் போலவே இடப்பக்கம்தான் ஓடும். ஆனாலும் கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் ஏறும் பாதையிலும் இறம்பொடைப் பாதையிலும் எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்க வேண்டிய வளைவுகள் ஏராளம். ஆறு பேர் படுக்கும் மோட்டர்ஹோம் சுமார் 7 மீற்றர் நீளமும் 3 மீற்றருக்கு மேற்பட்ட உயரமும் கொண்டது. பிரதான வீதியில் அது எப்படியோ போய்விடும். தொழிற்சாலையைத் தாண்டி லயத்துக்கு இறங்கும் தோட்டப் பாதையில் நிச்சயமாகப் போகாது. அங்கே ஒரு பக்கம் மண் வெட்டிய மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு, தலைக்கு மேல் தாழ்ந்த மின்கம்பியும் மரக்கிளையும், திருப்புவதற்கு இடமிருக்காது. தாயாரைப் பிறந்த லயத்துக்கு அழைத்துச் செல்வதற்காகவே வருகிறீர்கள். அந்தக் கடைசி இரண்டு கிலோமீற்றரில் வாகனத்தை விட்டுவிட்டு அவரை நடக்க வைக்க நேர்ந்தால், அந்த வாகனத்தால் என்ன பயன்?

இரவுப் பயணத்தை எந்த வாகனத்திலும் தவிர்த்துவிடுங்கள். 2025 மே மாதம் கொத்மலை கரண்டிஎல்லவில் விடியுமுன் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல, வெல்லவாய வீதியில் இரவில் இன்னொரு பஸ் கவிழ்ந்தது. மழைக்காலத்தில் மண்சரிவும் உண்டு. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களே புதைந்துபோயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தின் வீதிகளையும் புகையிரதப் பாதையையும் பல இடங்களில் அறுத்துவிட்டது. மழை பெய்யும் இரவில், வெட்டிய மேட்டுக்கு அடியில் வாகனத்தை நிறுத்தி, அதற்குள் ஒரு குடும்பம் தூங்குவதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது; அதைப் படித்துப் பாதையை மாற்றத் தெரிந்த உள்ளூர்ச் சாரதி உங்களுடன் இருப்பது பெரிய பாதுகாப்பு.

நீங்களே ஓட்டுவதானால் அனுமதிப்பத்திர வேலையும் இருக்கிறது. வெளிநாட்டவர் தமது சர்வதேச அனுமதிப்பத்திரத்துக்கு இங்கே ஒப்புதல் பெற வேண்டும், அல்லது தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். சொந்த வாகனத்தையே கொண்டுவரலாமா என்று யோசித்திருந்தால், நாகப்பட்டினம், காங்கேசன்துறைக் கப்பல் பயணிகளுக்கானது; வாகனம் ஏற்றாது.

இனித் தங்குமிடம். மலையகத்தில் மூன்று வகை உங்களுக்குப் பொருந்தும்: வீட்டோடு சேர்ந்த ஹோம்ஸ்டே, சிறிய விருந்தினர் விடுதி, தோட்ட நிர்வாகிகளான துரைமார் வாழ்ந்த பழைய பங்களாக்களை மாற்றியமைத்த தோட்ட விடுதி. மூன்றாவது அழகானது, விலை அதிகம். ஐந்து பேருக்கு அந்தப் பணத்தை நான் செலவிட மாட்டேன். ஒரு வாரத்துக்கு மேல் தங்குபவர்களுக்கு ஹோம்ஸ்டேயே நல்லது. காலையில் ரொட்டியும் சம்பலும் வீட்டுக்காரர் கையால் கிடைக்கும், சமையலறையைப் பயன்படுத்தவும் பலர் அனுமதிப்பார்கள். மோட்டர்ஹோமில் நீங்கள் எதிர்பார்த்த சமையல் வசதி இப்படிக் கிடைத்துவிடுகிறது. பதிவு செய்யுமுன் நான்கு விடயங்களைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். முதலாவது, வாகனம் நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படிகள். எங்கள் வீடுகள் சரிவில் கட்டப்பட்டவை, படங்களில் படிகள் தெரியாது, தாயாரின் முழங்காலுக்கு இதுதான் முக்கியம். மற்றவை, சுடுநீர் உண்டா, மேலைநாட்டுக் கழிப்பறையா, சாரதிக்குத் தங்க இடம் தருவார்களா என்பவை.

சாரதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேன் வாடகையை நாள் கணக்கிலோ, குறித்த கிலோமீற்றரோடு சேர்த்தோ பேசுவார்கள். எரிபொருள் அதில் அடக்கமா, சாரதியின் சாப்பாடும் இரவுத் தங்கலும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாள் முழுதும் வளைவில் ஓட்டிய மனிதர் இரவில் ஆசனத்திலேயே சாய்ந்து தூங்கினால், மறுநாள் உங்கள் பிள்ளைகளின் உயிர் அவர் கண் இமையில் தொங்கும். அவருக்கு ஒரு கட்டில் கேட்டு வாங்குவது உங்கள் பாதுகாப்புக்கான செலவு.

வேனும் சாரதியும் இருப்பதால் கிடைக்கும் இன்னொரு நன்மையான புகையிரதப் பயணத்தை மோட்டர்ஹோம் எந்த வகையிலும் தராது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. அதன்படி அனுப்பப்பட்ட எங்கள் மக்கள் இந்த மலை நிலையங்களில்தான் அழுதுகொண்டு இரயில் ஏறி, தலைமன்னார் வரை சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் போனார்கள். உங்கள் தாயாரும் பெரும்பாலும் அப்படித்தான் போயிருப்பார். அவரைக் கண்டியிலிருந்து தலவாக்கலைக்குப் புகையிரதத்தில் அழைத்து வாருங்கள். பெட்டி படுக்கையுடன் வேன் முன்னதாகவே சென்று நிலையத்தில் காத்திருக்கும். நீங்களே மோட்டர்ஹோம் ஓட்டினால் யாராவது ஒருவர் அந்த இரயிலைத் தவறவிட்டே ஆக வேண்டும், அது தாயாரின் அருகில் இருக்க வேண்டிய நீங்களாகத்தான் இருக்கும். ஆசனப் பதிவுகள் மிக விரைவில் முடிந்துவிடும். புயலுக்குப் பிறகு பாதையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்பதையும் பார்த்துக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

மாதம் தெரிவு செய்ய முடியுமானால் ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை வாருங்கள். லிந்துலைப் பக்கம் அப்போது மழை குறைவு. இரவில் குளிர் கடுமை, நுவரெலியாவில் சில விடியல்களில் புல்லில் உறைபனி படியும், ஆகவே கம்பளி அவசியம். அது சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவமும் என்பதால் வாரஇறுதிகளிலும் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை நாட்களிலும் ஹட்டனில் நெரிசல் இருக்கும், தலவாக்கலையில் அறை எடுப்பது வசதி. ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலம்; அறை வாடகை பல மடங்கு ஏறும். மே முதல் தென்மேற்குப் பருவமழை.

தோட்டத்துக்குப் போகும் நாளைக் கவனமாகத் தெரிவு செய்யுங்கள். தோட்ட அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, தாயாரின் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், தோட்டத்தின் எந்த டிவிஷன் (பிரிவு), தொழிலாளரை மேற்பார்த்த எந்தக் கங்காணியின் கீழ் வேலை செய்தார்கள் என்பதையெல்லாம் குறிப்பிட்டு அனுமதி கேளுங்கள். தாயாரிடம் பழைய கடவுச்சீட்டோ குடும்ப அட்டையோ இருந்தால் அதன் பிரதியையும் இணையுங்கள். அலுவலகத்தில் விசாரிக்க வேண்டுமானால் வேலை நாளில் போக வேண்டும். ஆட்களைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிறு நல்லது, அன்றுதான் எல்லோரும் லயத்தில் இருப்பார்கள். நேரே மாரியம்மன் கோயிலடிக்குச் சென்று வயதானவர்களிடம் தகப்பனார் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். லயம் இடிக்கப்பட்டிருக்கலாம், அந்த இடத்தில் தனிவீடுகள் வந்திருக்கலாம். அதைத் தாயாரிடம் புறப்படுமுன்பே சொல்லி வையுங்கள். அன்று வேறு எந்த இடத்தையும் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். யாராவது சொந்தக்காரர் கிடைத்துவிட்டால் மதியச் சாப்பாடு கொடுக்காமல் உங்களை அனுப்ப மாட்டார்கள்.