சம்பளம் இல்லாத டீம்ல ரோட்மேப்பை யாரு மதிப்பா?

போன மாசம் ஓப்பன் சோர்ஸ் (கோடை எல்லாரும் பாக்கலாம், மாத்தலாம்னு திறந்து விட்ட சாஃப்ட்வேர்) பத்தி ரெண்டு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த மாசம் வந்த கேள்வில முக்கால்வாசி அதைப் பத்தியே தான். சரி, இந்த வாட்டி முழுசா அதையே எடுத்துக்குவோம். ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், நானும் பதினோரு வருஷமா ஒரு சின்ன டூலுக்கு மெயின்டெய்னர், அதாவது அதைப் பராமரிக்கற ஆளு, அதனால அங்கங்க எரிச்சல் எட்டிப் பாக்கும், கண்டுக்காதீங்க.

கே: அக்கா, நாங்க ஆறு பேர் சேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் நடத்தறோம், எல்லாரும் வேலைக்குப் போயிட்டு மிச்ச நேரத்துல பண்றவங்க. வருஷ ஆரம்பத்துல உக்காந்து பத்து ஐட்டத்துக்கு நம்பர் போட்டு ரோட்மேப் ரெடி பண்ணோம். இப்ப திரும்பிப் பாத்தா ஒண்ணாம் நம்பரை யாரும் தொடவே இல்ல, லிஸ்ட்லயே இல்லாத ஏழெட்டு வேலை முடிஞ்சிருக்கு. எங்க தப்பு பண்ணோம்?

ப: அந்த லிஸ்ட்டை ஒரு தடவை திறந்து ஒவ்வொரு ஐட்டத்துக்கும் நேரா யார் பேரு இருக்குன்னு பாருங்க. "டீம்"னு போட்டிருப்பீங்க, இல்ல காலியா இருக்கும். பல பேர் சேர்ந்து அடிச்சா பாம்பு சாகாதும்பாங்க, அந்தக் கதை தான்.

ஆபீஸ்ல முன்னுரிமைன்னா அதுக்குப் பின்னாடி சம்பளம் இருக்கு, மேனேஜர் வந்து அதை விட்டுட்டு இதை எடுன்னா எடுத்துத்தான் ஆகணும். இங்க ராத்திரி சாப்ட்டுட்டு ஒரு மணி நேரம் உக்கார்றவரு கிட்ட போய் உனக்குப் பிடிச்சதை விட்டுட்டு இன்ஸ்டாலரைப் பாருன்னு சொன்னா தலையை ஆட்டுவாரு, அடுத்த வாரத்துலேந்து ஆளைக் காணோம், அவ்ளோ தான்.

அப்ப திட்டமே வேண்டாமான்னு கேக்காதீங்க, வேணும், ஆனா கைல என்ன இருக்கோ அதை வெச்சு போடணும். யாரு என்ன கோட் எழுதணும்ங்கறது உங்க கைல இல்ல. எதை ரிவ்யூ பண்ணப் போறீங்க (படிச்சு சரியான்னு பாக்கறது), எதை மெர்ஜ் பண்ணப் போறீங்க (மெயின் கோட்ல சேக்கறது), ரிலீஸ் என்னிக்கு, இதெல்லாம் உங்க கைல இருக்கு. லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட அடிப்படையான கெர்னலையே பாருங்க, 1991ல லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பிச்சது, இன்னிக்கு அதுல வேலை பாக்கறவங்க பெரும்பாலும் ஏதாவது ஒரு கம்பெனி சம்பளத்துல இருக்கறவங்க தான், அப்பவும் அடுத்த வெர்ஷன்ல இன்னது இன்னது வரும்னு மேல இருந்து இறங்கற லிஸ்ட் எதுவும் கிடையாது. ரெண்டு வாரம் மெர்ஜ் விண்டோ திறந்திருக்கும், ரெடியா இருக்கறது உள்ள போகும், அப்புறம் வாராவாரம் ஒரு ஆர்சி (ரிலீஸுக்கு முந்தின சோதனை வெர்ஷன்) விட்டு பக் (கோட்ல இருக்கற பிழை) மட்டும் சரி பண்ணுவாங்க, ஒம்பது பத்து வாரத்துல வெர்ஷன் வெளிய வந்துடும். ரெடியாகலையா, அடுத்த விண்டோவுக்கு வா.

நாங்களும் ஒரு காலத்துல கலர் கலரா ஸ்ப்ரெட்ஷீட் போட்டவங்க தான். அதுல ரெண்டாம் நம்பர் ஒரு எக்ஸ்போர்ட் வசதி. எங்கிருந்தோ ஒரு பையன் வந்து அதை முழுசா எழுதி அனுப்பிட்டான், டெஸ்ட்டோட. ஆனா அந்தப் பக்கத்து கோடைப் படிச்சு சரியா இருக்கான்னு சொல்லத் தெரிஞ்சவரு எங்கள்ல ஒருத்தர் தான், அவரு வீட்ல அப்பத்தான் குழந்தை பொறந்திருக்கு. பேட்ச், அதாவது அவன் அனுப்பின கோட், அஞ்சு மாசம் அப்படியே கிடந்துது, பையன் ரெண்டு தடவை பணிவா கேட்டான், மூணாவது தடவை கேக்கல, போயிட்டான். இன்னிக்கும் நெனச்சா சங்கடமா இருக்கு. எழுத ஆளு வந்துக்கிட்டே தான் இருக்காங்க, எழுதினதைப் படிக்கத்தான் ஆளு பஞ்சம்னு அப்பத்தான் உறைச்சுது.

இப்பல்லாம் நாங்க உக்காந்த உடனே கேக்கற கேள்வி, அடுத்த மூணு மாசம் யாருக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ரிவ்யூவுக்கு இருக்கு? நாலு பேரு ஆளுக்கு ரெண்டு மணின்னா வாரத்துக்கு எட்டு, மூணு மாசத்துக்கு நூத்தி சொச்சம். அதுல பாதி திடீர்னு வர்ற பக்குக்கும் யாரும் எதிர்பாக்காத பேட்சுக்கும் போயிடும். மிச்ச அம்பது மணில எது அடங்குமோ அதைத்தான் லிஸ்ட்ல போடறோம், ரெண்டு பெரிய ஐட்டம் அடங்கினாலே அதிகம். உங்க பத்துல எட்டை அடிச்சிடுங்க. அடிச்சதை ஒளிச்சு வெக்காதீங்க, நல்ல ஐடியா தான், இதைப் படிக்க இப்ப ஆள் இல்லன்னு எல்லாரும் பாக்கற எடத்துல எழுதுங்க, அதைப் பாத்துட்டு நான் படிக்கறேன்னு ஒருத்தர் வந்தாலும் வரலாம். அப்புறம் அந்த லிஸ்ட்ல இல்லாத ஏழெட்டு முடிஞ்சுதுன்னீங்களே, அதுக்கு ஏன் இவ்ளோ வருத்தம், உங்க ஆளுங்க எதுக்கு நேரம் குடுக்கத் தயாரா இருக்காங்கன்னு அதுவே சொல்லுது, அடுத்த லிஸ்ட்டை அதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு போடுங்க.

கே: இஷ்யூ லிஸ்ட்ல (யூஸர்கள் பக்கையும் தேவையையும் பதிவு பண்ற எடம்) எதுக்கு கட்டைவிரல் அதிகமா விழுந்திருக்கோ அதை முதல்ல எடுத்துட்டா பிரச்சனையே இல்லையே மேடம்? ஜனநாயகமாவும் இருக்கும்.

ப: டார்க் மோடுக்கு இருநூறு கட்டைவிரல் விழும், ஃபைல் சேவ் பண்ணும்போது டேட்டா அழிஞ்சு போற பக்குக்கு மூணு தான் விழும். ஏன்னா டேட்டா போனவங்க கட்டைவிரலைத் தூக்கறதுக்கு நிக்க மாட்டாங்க, அன்னிக்கே அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போயிருப்பாங்க.

ஓட்டே கூடாதுன்னு சொல்லல. லினக்ஸுக்கு டெஸ்க்டாப் பண்ற கேடிஈ காரங்க 2017லேந்து இதை வேற மாதிரி பண்றாங்க, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மொத்த சமூகமும் ஓட்டு போட்டு மூணு இலக்கு எடுத்துக்கறாங்க. ஆனா ஒவ்வொரு இலக்கையும் முன்ன நின்னு இழுத்துட்டுப் போக ஒரு ஆளு இருக்கணும், கூட்டம் கூட்டறது, நினைவுபடுத்தறது, எவ்ளோ தூரம் வந்திருக்குன்னு சொல்றது எல்லாம் அவரு பொறுப்பு. ஓட்டுக்கு முன்னாடியே ஆளு. அப்படின்னா ஓட்டு வைங்க.

கே: கான்பான் போர்டு (வேலையை அட்டை அட்டையா நகர்த்தற பலகை) நல்லதா, ஸ்ப்ரெட்ஷீட் நல்லதா?

ப: மூணாவது மாசமும் நீங்க திறந்து பாக்கறது எதுவோ அது.

கே: ரெடியானதும் ரிலீஸ் பண்ணனுமா, தேதி வெச்சு பண்ணனுமா? எங்க டீம்ல இதுக்கு ரெண்டு கட்சியாயிடுச்சு.

ப: நான் தேதிக் கட்சி. ரெடியானதும்னு வெச்சீங்கன்னா கடைசியா ஒரே ஒரு ஃபீச்சர் உள்ள போயிடட்டும்னு ஒருத்தர் சொல்லுவாரு, அது முடியறதுக்குள்ள இன்னொருத்தர் ஒண்ணு கொண்டு வருவாரு. டெபியன்ங்கற லினக்ஸ் தொகுப்புல 2002 ஜூலைல உடிங்கற வெர்ஷன் வந்துது, அடுத்த வெர்ஷன் சார்ஜ் வரும்போது 2005 ஜூன், கிட்டத்தட்ட மூணு வருஷம். இப்பவும் அவங்க ரெடியானாத்தான் விடுவோம்ங்கற பேச்சை விடல, ஆனா ஃப்ரீஸ் (இனி புதுசா எதுவும் உள்ள வராதுங்கற நாள்) எப்பன்னு முன்கூட்டியே சொல்லிடறாங்க, அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு வந்துடுது. க்னோம் டெஸ்க்டாப் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, பைத்தான் மொழி 3.9லேந்து வருஷத்துக்கு ஒண்ணு, டேட்டா அனுப்பற கர்ல் டூல் எட்டு வாரத்துக்கு ஒண்ணு.

தேதி இருந்தா இன்னொரு நிம்மதி, அடுத்த ரிலீஸ் எப்பன்னு தெரிஞ்சா யாரும் அரைகுறையா எழுதினதை இதுலயே நுழைக்கணும்னு அடம் பிடிக்க மாட்டாங்க, அடுத்த வண்டி வரும்னு தெரியும். ரெண்டு கட்சியையும் சமாதானப்படுத்தணும்னா டெபியன் மாதிரி ஃப்ரீஸுக்கு மட்டும் தேதி வைங்க.

கே: டெஸ்ட், டாக்குமென்டேஷன், பழைய டிபெண்டென்சியை (நாங்க நம்பி இருக்கற வேற ஆளுங்க லைப்ரரி) மாத்தறது, இதெல்லாம் யாரும் எடுக்கறதே இல்ல. புது ஃபீச்சர்னா மட்டும் க்யூ நிக்கறாங்க. முன்னுரிமை ஒண்ணுன்னு போட்டாலும் நகரல.

ப: நகராது. ஆனா அதை விட்டா என்ன ஆகும்னு இணையத்துல தகவலைப் பூட்டி அனுப்பற ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியோட கதையைப் பாருங்க. 2012 மார்ச்ல வந்த 1.0.1 வெர்ஷன்ல ஹார்ட்பீட்னு ஒரு சின்ன வசதி சேத்தாங்க, சாதாரணமா யாருக்கும் பெருசா தேவைப்படாத ஒண்ணு. எழுதினவரும் கவனிக்கல, ரிவ்யூ பண்ணவரும் கவனிக்கல, வர்ற அளவு சரியான்னு பாக்காம மெமரியைத் திருப்பி அனுப்பற ஓட்டை. 2014 ஏப்ரல்ல ஹார்ட்பிளீட்னு பேரோட வெளிய வந்தப்ப உலகம் பூரா சர்வர் வெச்சிருந்தவங்க பதறினாங்க. அந்த ப்ராஜெக்ட்டுக்கு அதுவரைக்கும் வருஷத்துக்கு வந்துக்கிட்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர், முழு நேரமா பாக்கறவங்களை விரல் விட்டு எண்ணலாம். இத்தனை கம்மியான ஆளை வெச்சுக்கிட்டு புது வசதியை உள்ள விடணுமாங்கற கேள்வியை யாராவது கேட்டிருக்கணும், எனக்கு அது தான் தோணுது.

அதனால போரான வேலையை லிஸ்ட்ல ஒரு ஐட்டமா போடாதீங்க, வாசல்ல வைங்க. டெஸ்ட் இல்லாம ஃபீச்சர் மெர்ஜ் ஆகாது, டாக்குமென்டேஷன்ல ரெண்டு பாராவாவது இல்லாம ஆகாது. க்யூல நிக்கறவங்க அவங்களே பண்ணிட்டு வருவாங்க. மிச்ச சில்லறை வேலைக்கு லிபர்ஆபீஸ்ங்கற ஆபீஸ் சாஃப்ட்வேர் டீம் பண்றதைப் பாருங்க, ஈஸி ஹேக்ஸ்னு புதுசா வர்றவங்களுக்காகவே சின்னச் சின்ன வேலையைத் தனியா எடுத்து, கோட்ல எங்க பாக்கணும்னு குறிப்போட வெச்சிருக்காங்க. அந்தக் குறிப்பு எழுதறதுக்கு அரை மணி ஆகும், அந்த அரை மணியை யாரும் கணக்குல சேக்கறதில்ல, நீங்க சேருங்க.

கே: ஒரு கம்பெனி எங்க டூலை யூஸ் பண்றாங்க. ஆள் குடுக்கறோம், ஆனா எங்களுக்கு வேண்டிய ஃபீச்சர் முதல்ல வரணும்ங்கறாங்க. ஒத்துக்கலாமா அக்கா?

ப: ஒத்துக்கலாம், கோட் எழுத ஆள் குடுக்கறாங்களா, படிக்க ஆள் குடுக்கறாங்களான்னு கேட்டுட்டு. வெறும் எழுதற ஆள்னா உங்க ரிவ்யூ நேரத்தை அவங்க ஃபீச்சர் சாப்பிடும், அதாவது நீங்க அவங்களுக்கு ஓசில வேலை பாக்கறீங்க. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல கமிட்ஃபெஸ்ட்னு ஒரு ஏற்பாடு, குறிப்பிட்ட மாசங்கள்ல புதுசா எழுதறதை ஓரமா வெச்சுட்டு தேங்கின பேட்சுகளை உக்காந்து படிப்பாங்க, பேட்ச் அனுப்பறவங்க கிட்டத்தட்ட அதே அளவு இன்னொருத்தர் பேட்சையும் படிச்சுத் தரணும்னு எதிர்பாக்கறாங்க. அதையே இந்தக் கம்பெனி கிட்டயும் சொல்லுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த ஃபீச்சர்ல பக் வந்தா யாரு பாப்பாங்கன்னும் எழுதி வாங்கிக்கோங்க. எழுதிக் குடுக்கத் தயங்கினாங்கன்னா உங்களுக்கு பதில் கிடைச்சாச்சு.

கே: கோட் ரொம்ப பழசாயிடுச்சு, மொத்தமா திரும்ப எழுதிடலாம்னு இருக்கோம். முதல் முன்னுரிமை அதுக்குக் குடுக்கலாமா?

ப: நெட்ஸ்கேப் பிரௌசர் ஆளுங்க 1998ல அப்படி முடிவு பண்ணி, அதுலேந்து மொசில்லா 1.0 வரும்போது 2002. பெர்ல் மொழியோட 6ஆம் வெர்ஷனை 2000ல அறிவிச்சாங்க, முதல் முழு வெர்ஷன் 2015 கிறிஸ்துமஸ், கடைசில பேரே ராக்குன்னு மாறிடுச்சு. உங்களுக்கு அவ்ளோ வருஷம் இருக்குன்னா பண்ணுங்க. இல்லன்னா ஒவ்வொரு ரிலீஸ்லயும் ஒரு மாட்யூல் (ஒரு பகுதி) மட்டும் திரும்ப எழுதுங்க.

கே: ஒருத்தர் கஷ்டப்பட்டு எழுதின பேட்சை வேண்டாம்னு எப்படிச் சொல்றது? மனசு வர மாட்டேங்குது, அதனால பதிலே சொல்லாம விட்டுடறேன்.

ப: பதில் சொல்லாம விடறது தான் எல்லாத்தையும் விட மோசம், என் எக்ஸ்போர்ட் பையன் கதை மேல இருக்கு பாருங்க. ஒரு வாரத்துக்குள்ள வேண்டாம்னு சொன்னா ஒரு நாள் கோவப்படுவாரு, ஆறு மாசம் கழிச்சு சொன்னா ஜென்மத்துக்கும் வர மாட்டாரு. அப்பாச்சிங்கற ஓப்பன் சோர்ஸ் அமைப்போட ப்ராஜெக்ட்ல கோட்ல பண்ற மாத்தத்தை ஒருத்தர் மைனஸ் ஒண்ணுன்னு (எதிர்ப்பு ஓட்டு) போட்டு நிறுத்தலாம், ஆனா டெக்னிக்கலா காரணம் சொல்லாட்டி அது செல்லாது. அந்தப் பழக்கம் நல்லது, காரணத்தை ரெண்டு வரில எழுதுங்க, "இதை அஞ்சு வருஷம் பராமரிக்க எங்க கிட்ட ஆள் இல்ல"ங்கறதும் காரணம் தான். எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் காரங்க இன்னும் ஒரு படி மேல, சோர்ஸ் எல்லாருக்கும் திறந்திருக்கு, ஆனா வெளிய இருந்து பேட்ச் வாங்கறதில்லன்னு முன்னாடியே போர்டு மாட்டிட்டாங்க.

கே: நான் ஒருத்தன் தான் மெயின்டெய்னர். 400 இஷ்யூ திறந்து கிடக்கு. ஏன் இவ்ளோ ஸ்லோன்னு தினம் ஒருத்தர் திட்டறாங்க, இன்னொரு ஆளை சேத்துக்கோன்னு நெருக்கறாங்க. எதுலேந்து ஆரம்பிக்க?

ப: தம்பி, முதல்ல அந்த நெருக்கறவங்களைப் பத்தி. எக்ஸ்இசட்னு ஒரு கம்ப்ரஷன் லைப்ரரி, அதுக்கும் மெயின்டெய்னர் ஒரே ஆளு, சொந்தப் பிரச்சனைகளோட இருந்தவரு. இதே மாதிரி தான் ஸ்லோ, ஸ்லோன்னு சில பேரு வந்து நெருக்கினாங்க, அதே நேரத்துல உதவி பண்றேன்னு ஒருத்தர் நல்ல பிள்ளையா பேட்ச் அனுப்பிக்கிட்டே இருந்து நம்பிக்கையை சம்பாதிச்சு உள்ள வந்தாரு, 2024ல 5.6.0, 5.6.1 வெர்ஷன்கள்ல பின்கதவு (திருட்டுத்தனமா உள்ள நுழையற வழி) வெச்சுட்டாரு. ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட்னு ஒரு எஞ்சினியர் லாகின் அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு நோண்டிப் பாத்ததுல மாட்டிச்சு, இல்லன்னா என்ன ஆயிருக்குமோ. திட்டறவங்க எல்லாம் திருடங்கன்னு சொல்ல வரல. அவங்க அவசரத்துக்காக சாவியைக் குடுக்காதீங்கன்னு தான் சொல்றேன். உதவிக்கு வர்றவரு கிட்ட முதல்ல பழைய இஷ்யூவைப் பிரிச்சுக் குடுக்கற வேலையைக் குடுங்க, மெர்ஜ் உரிமை ரொம்பப் பின்னாடி.

400ஐயும் படிக்காதீங்க. டேட்டா போறது, செக்யூரிட்டி, இன்ஸ்டாலே ஆகாதது, இந்த மூணுல எது வந்தாலும் தனியா எடுத்து வைங்க, அது எல்லாம் சேந்து இருபது தேறும்னு நெனைக்கறேன். ரெண்டு வருஷத்துக்கு மேல யாரும் பேசாததை மூடுங்க, மூடும்போது இன்னும் இருந்தா திரும்பத் திறங்கன்னு மனுஷன் எழுதின மாதிரி ஒரு வரி போடுங்க, பாட் (தானா பதில் போடற ப்ரோக்ராம்) எழுதின மாதிரி வேண்டாம், எனக்கே அந்த பாட் மெசேஜைப் பாத்தா கை நமநமங்கும். அப்புறம் ரீட்மீல (ப்ராஜெக்ட்டோட அறிமுகப் பக்கம்) முதல் வரியா, வாரத்துக்கு மூணு மணி நேரம் தான் இதுக்கு ஒதுக்கறேன், அடுத்த ரெண்டு ரிலீஸ்ல பக் மட்டும் தான்னு எழுதிடுங்க. அடுத்த தடவை ஏன் ஸ்லோன்னு கேக்கறவருக்கு அந்த வரியோட லிங்க்கை அனுப்புங்க, வேற எதுவும் எழுத வேண்டாம்.