பழைய ஆர்ச்டாப் கிட்டார்: பேரைவிடக் கழுத்து முக்கியம்

வாசகர் கேள்வி: மாமா வைத்திருந்த கிட்டார் ஒன்று பரணில் கிடைத்தது. மேல்பலகை வயலின் போலக் குவிந்திருக்கிறது, இரண்டு பக்கமும் எஃப் வடிவத் துளை. தலைப்பகுதியில் பெயர் அழிந்துவிட்டது. துளை வழியாகப் பார்த்தால் '4862எச்1215' என்று மங்கலாகத் தெரிகிறது. கம்பிகள் அழுத்த முடியாத உயரத்தில் நிற்கின்றன. செலவழித்துச் சரிசெய்யலாமா? மேலே தேய்த்து பாலிஷ் போட்டுப் புதுசாக்கலாமா?

பதில்: உங்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. எண்ணுக்கு நடுவே 'எச்' வந்தால் அது பெரும்பாலும் சிகாகோவின் ஹார்மனி கம்பெனி கிட்டார். 'எச்'சுக்குப் பின்னால் இருப்பது மாடல் எண். 1215 என்பது ஆர்ச்டோன் வரிசை. இப்படி மேல்பலகை குவிந்த கிட்டாரைத்தான் ஆர்ச்டாப் என்பார்கள். பக்கத்தில் எங்காவது 'எஃப்-58' போல ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமும் முத்திரையாக இருந்தால், அந்த இலக்கம் ஆண்டு. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, சின்னக் கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டுத் தேடிப் பாருங்கள். ஹார்மனியை 1916-இல் சியர்ஸ் என்ற அமெரிக்க விற்பனை நிறுவனம் வாங்கியது. 1975-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் செய்து தள்ளிய கிட்டார்களுக்குக் கணக்கில்லை. சில்வர்டோன் போன்ற வேறு பெயர்களிலும் அவை விற்றன. அதனால் தலையில் என்ன பெயர் இருந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம், மரத்தையும் பாருங்கள். எஃப் துளையின் விளிம்பில் மேல்பலகையின் குறுக்குவெட்டு தெரியும். மேலே ஓடும் ரேகை அந்த விளிம்பிலும் அப்படியே இறங்கினால் ஒற்றைப் பலகை. அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். ஒற்றைப் பலகையிலும் இரண்டு வகை உண்டு. தடித்த ஸ்ப்ரூஸ் கட்டையைச் செதுக்கிக் குவித்தது ஒன்று. மெல்லிய பலகையை ஆவியும் சூடும் காட்டி அச்சில் அழுத்தி வளைத்தது இன்னொன்று. விலை வித்தியாசம் எல்லாம் இங்கேதான். ஆர்ச்டோன் இரண்டாவது வகை, மரம் பர்ச். அதன் பின்பலகையில் மேப்பிள் போல மின்னும் வரிகள் தெரிந்தால், உள்பக்கம் அதே இடத்தைப் பாருங்கள். அங்கே வரியே இருக்காது. ஏனென்றால் அது பெயின்ட். உங்கள் பாலிஷ் கேள்விக்கும் இதுவே பதில்: உப்புத்தாள் நாலு தடவை போனால் அந்த அழகு முழுக்கத் தூளாகிவிடும், கீழே மிஞ்சுவது வெறும் வெளிறிய பர்ச். லேசாக ஈரம் காட்டிய துணியால் துடையுங்கள், போதும். சிலிக்கான் கலந்த பாலிஷ் கிட்டவே வேண்டாம். விரிசலுக்குள் இறங்கிவிட்டால் பின்னால் பசை பிடிக்காது.

இனி கழுத்து. செலவைத் தீர்மானிப்பது இதுதான்.

கம்பிகளைச் சுருதி சேர்த்துவிட்டு, தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது ஃபிரெட் அருகே கம்பிக்கடியில் கால் மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது சரி. ஒரு மில்லிமீட்டரைத் தொட்டால் கழுத்தே வளைந்திருக்கிறது. இந்த ஹார்மனிகளின் கழுத்துக்குள் இரும்புப் பட்டை உண்டு, ஆனால் திருகிச் சரிசெய்யும் கம்பி கிடையாது. ஆகவே வளைவை எடுக்கச் சூடேற்றி அழுத்த வேண்டும், அல்லது ஃபிரெட்டைக் கழற்றிப் பலகையைச் சீவ வேண்டும். இரண்டும் மெனக்கெட்ட வேலை.

கழுத்து நேராக இருந்தும் கம்பி உயரமா? உடலின் மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜில், உயரத்தை மாற்றும் சக்கரம் இருந்தால் முதலில் இறக்கிப் பாருங்கள். அடிமட்டம் வரை இறக்கியும் போதவில்லை என்றால் நீளமான அளவுகோலை ஃபிரெட்களின் மேல் படுக்க வைத்து, பிரிட்ஜை நோக்கித் தள்ளுங்கள். முனை பிரிட்ஜின் உச்சிக்குக் கிட்ட வந்தால் நல்லது. பிரிட்ஜின் இடுப்பில் முட்டினால் கழுத்தின் கோணம் விழுந்துவிட்டது. மூட்டைப் பிரித்து, சீவி, மறுபடி ஒட்ட வேண்டும். கழுத்தடிக்கும் உடலுக்கும் நடுவே காகிதம் நுழைகிறதா என்றும் பாருங்கள். நுழைந்தால் பலரும் பயந்துவிடுகிறார்கள். எனக்கு அது நல்ல செய்தி: பழைய பசை தானாகவே விட்டுக்கொடுத்திருக்கிறது, பிரிப்பது சுலபம்.

மேல்பலகை பிரிட்ஜுக்கடியில் குழிந்திருக்கிறதா, விரல் முட்டியால் தட்டினால் உள்ளே சலசலக்கிறதா என்பதையும் கவனியுங்கள். சலசலப்பு என்றால் பலகையை உள்ளிருந்து தாங்கும் கட்டை ஒட்டு விட்டிருக்கிறது. ரேகையோடு ஓடும் விரிசல் பெரிய விஷயமில்லை. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: இந்த பிரிட்ஜ் ஒட்டப்பட்டதல்ல, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. கம்பிகளை மொத்தமாகக் கழற்றுமுன் அதன் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு இது. கழுத்து நேராக இருந்து, ஒட்டு வேலையும் ஃபிரெட் வேலையும் மட்டும் என்றால் தயங்காமல் செய்யுங்கள். கழுத்தைப் பிரிக்கவேண்டிய நிலை என்றால், ஆர்ச்டோனின் சந்தை விலையைக் கூலியே தாண்டிவிடக்கூடும். விற்பதற்காகச் செய்தால் நஷ்டம்; மாமாவின் கிட்டாரை நீங்கள் வாசிக்கப்போகிறீர்கள் என்றால் அந்தக் கணக்கே வேறு. வளைந்த கழுத்து, விழுந்த கோணம், குழிந்த மேல்பலகை மூன்றும் சேர்ந்திருந்தால் சுவரில் மாட்டுங்கள், நான் தடுக்கமாட்டேன்.

எண் பார்க்கும்போது உள்ளே ஹார்மனி முத்திரைக்குப் பதில் கிப்சன் லேபிள் இருந்திருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். 1922-இல் எல்-5 மாடலோடு எஃப் துளை ஆர்ச்டாப்பைத் தொடங்கிவைத்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்டதில் துருப்பிடித்த முறுக்காணியைக்கூட மாற்றாமல் முதலில் மதிப்பீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பழுதுபார்ப்பவரிடம் கொடுக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கழுத்தை எந்தப் பசையால் ஒட்டுவீர்கள்? வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோலில் காய்ச்சிய பசை என்றால் சூட்டிலும் ஈரத்திலும் மறுபடி பிரியும், அடுத்தவர் வேலை செய்ய முடியும். எப்பாக்சி என்று சொன்னால் கிட்டாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.