ஸ்பெயின் பயணத்துக்கு முன்: இசை, ஓவியம், உணவு குறித்த கேள்வி பதில்

ஸ்பெயினுக்குப் பண்பாட்டுச் சுற்றுலா செல்லவிருக்கும் உறுப்பினர்கள் அனுப்பியுள்ள கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். அந்நாட்டில் சிறு குழுக்களை அழைத்துச் சென்று காட்டும் பணியை நெடுங்காலமாகச் செய்துவருவதால் இசை, ஓவியம், உணவு ஆகிய மூன்றைப் பற்றி மட்டுமே பேசுவேன். விசா, நாணய மாற்று, கால்பந்து ஆகியவற்றை அவற்றை அறிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி (திருச்சி): ஐயா, பத்து இரவுகளுக்கு ஒன்பது ஊர்கள் என்று பயண முகவர் ஒரு திட்டம் கொடுத்திருக்கிறார். போதுமா, இன்னும் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டாம், பாதிக்கு மேல் நீக்குங்கள். ஸ்பெயின் ஒரே பண்பாடு கொண்ட நாடு அன்று. வடமேற்கே கலீசியாவில் திருவிழா என்றால் துருத்தி இசை ஒலிக்கும். பாஸ்க் நாட்டில் இருவர் எதிரெதிரே நின்று மரப்பலகைகளைத் தட்டி வாசிக்கும் சலபார்த்தா என்னும் கருவி உண்டு. அரகோனுக்கு ஹோத்தா நடனம், கத்தலோனியாவுக்கு வட்டமாகக் கைகோத்து ஆடும் சர்தானா, மாட்ரிட்டுக்கு சர்சுவேலா என்னும் இசை நாடகம். பாட்டும் கிதாரும் ஆட்டமும் சேர்ந்த ஃபிளமெங்கோ தெற்கே அந்தலூசியாவுக்கு உரியது. உணவும் அவ்வாறே பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றையும் அதற்குரிய ஊரில், அதற்குரிய நேரத்தில் அனுபவிக்க வேண்டும் என்பதே நான் ஒவ்வொரு குழுவுக்கும் வற்புறுத்திச் சொல்வது.

ஆகவே மாட்ரிட்டில் மூன்று இரவுகள், அவற்றுள் ஒரு பகலில் தொலேதோ, செவில்லாவில் மூன்று இரவுகள், அங்கிருந்து ஹெரேஸ், கிரனாடாவில் இரண்டு, கடைசியாக வாலென்சியா அல்லது பார்சிலோனாவில் இரண்டு. மாட்ரிட்டுக்கும் செவில்லாவுக்கும் இடையே 1992 முதல் அதிவேக ரயில் ஓடுகிறது. பயணம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். வழியில் கோர்தோபாவில் இறங்கி, 8ஆம் நூற்றாண்டில் எழும்பத் தொடங்கிய பெரிய பள்ளிவாசலின் தூண்களிடையே இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு, அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கான நுழைவுச்சீட்டை மட்டும் விமானச்சீட்டு வாங்கிய அன்றே வாங்கிவிடுங்கள்.

கேள்வி (கோலாலம்பூர்): மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தை அரை நாளில் முழுவதும் பார்த்துவிட முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். மூன்று ஓவியர்களைத் தேர்ந்து கொள்ளுங்கள்: எல் கிரேக்கோ, வெலாஸ்கெஸ், கோயா. எல் கிரேக்கோவின் தலைசிறந்த படைப்பான ஓர்காஸ் பிரபுவின் அடக்கம் தொலேதோவில், சாந்தோ தோமே தேவாலயத்தில்தான் இருக்கிறது. எனவே பிராடோவில் வெலாஸ்கெஸுக்கும் கோயாவுக்கும் கூடுதல் நேரம் ஒதுக்கலாம்.

வெலாஸ்கெஸ் 1656இல் தீட்டிய ‘லாஸ் மெனினாஸ்’ முன்னால் குறைந்தது இருபது நிமிடம் நில்லுங்கள். முதலில் நடுவில் நிற்கும் இளவரசி மார்கரீத்தாவையும் அவளுடைய தோழியரையும் பாருங்கள். பிறகு இடப்புறம் தூரிகையுடன் நிற்கும் ஓவியரைப் பாருங்கள்; அவர் மார்பிலுள்ள சிவப்புச் சிலுவை சாந்தியாகோ வீரர் அமைப்பின் சின்னம், அந்தப் பட்டம் அவருக்கு 1659இல்தான் கிடைத்தது என்பதால் சிலுவை பின்னால் சேர்க்கப்பட்டது. கடைசியாகப் பின்சுவரில் இருக்கும் சிறு கண்ணாடியைப் பாருங்கள். அரசரும் அரசியும் அதில் தெரிகிறார்கள். அவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் நாம் நிற்கிறோம் என்பது அப்போது விளங்கும். அச்சிட்ட படத்தில் இது ஒருபோதும் விளங்காது, ஏனெனில் அசல் மூன்று மீட்டருக்கும் மேல் உயரமுள்ளது.

அடுத்து கோயா. நெப்போலியனின் படையினர் மாட்ரிட் மக்களைச் சுட்டுக் கொன்றதை அவர் 1814இல் தீட்டினார். 1819இல் நகருக்கு வெளியே ஒரு வீட்டை வாங்கினார். காது கேளாத முதியவரான அவர், யாரும் கேட்காமலேயே அந்த வீட்டுச் சுவர்களில் நேரடியாக எண்ணெய் வண்ணத்தில் பதினான்கு ஓவியங்களை வரைந்தார். ‘கறுப்பு ஓவியங்கள்’ என்று பிற்காலம் அழைத்த அவற்றை 1874 முதல் சுவரிலிருந்து பெயர்த்துத் துணிக்கு மாற்றினார்கள். மணலில் புதைந்து மேலே பார்க்கும் நாயின் தலையை மட்டும் காட்டும் ஓவியத்தைத் தவறவிடாதீர்கள்.

அங்கிருந்து பதினைந்து நிமிடம் நடந்தால் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம். 1937 ஏப்ரல் 26 அன்று பாஸ்க் நாட்டின் கெர்னிகா ஊரின் மீது குண்டு வீசப்பட்டது. அதே ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியின் ஸ்பானிய மண்டபத்துக்காகப் பிக்காசோ தீட்டிய ‘கெர்னிகா’ இங்கே உள்ளது. நாட்டில் சுதந்திரம் திரும்பும் வரை ஓவியம் ஸ்பெயினுக்குச் செல்லக்கூடாது என்று அவர் விரும்பியதால் அது நியூயார்க்கில் காத்திருந்து 1981இல்தான் வந்து சேர்ந்தது. சுடப்பட்டவர்களைத் தீட்டிய கோயாவைப் பார்த்துவிட்டு அதே நாளில் கெர்னிகாவின் முன் நிற்பவர், ஓர் ஓவியர் இன்னொருவரிடமிருந்து எதைப் பெற்றார் என்பதைத் தாமே கண்டுகொள்வார்.

பிராடோவில் படமெடுக்க அனுமதி இல்லை. ரெய்னா சோஃபியாவுக்குச் செவ்வாய் விடுமுறை.

கேள்வி (மயிலாப்பூர்): நாங்கள் சைவ உணவு உண்பவர்கள். அங்கே என்ன சாப்பிடுவது?

நிறைய இருக்கிறது, ஆனால் ‘காய்கறி’ என்ற பெயரை மட்டும் நம்பிவிடக்கூடாது. கலவை சாலட்டில் சூரை மீன் இருக்கும். பீன்ஸ், பட்டாணி, கூனைப்பூ வறுவலில் பன்றித்தொடைத் துண்டுகள் இருக்கும். கோர்தோபாவின் தக்காளிக் கூழான சல்மொரேஹோ மீது ஹாமோனும் முட்டையும் தூவுவார்கள். மந்தெகாதோ, போல்வொரோன் போன்ற இனிப்புகளைப் பன்றிக்கொழுப்பில் செய்கிறார்கள். சொல்லும்போது ‘சின் ஹாமோன், சின் அதூன்’ என்று, பன்றித்தொடையும் சூரையும் வேண்டாமென்று பெயரிட்டுச் சொல்லுங்கள்.

நம்பிக் கேட்கக் கூடியவை: செவில்லாவின் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த குழம்பு (சீரகமும் பூண்டும் மணக்கும்), கோர்தோபாவில் கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், கத்தலோனியாவின் தக்காளி தேய்த்த ரொட்டி, சுட்ட கத்தரியும் குடைமிளகாயும் சேர்ந்த எஸ்கலிவாதா, உப்புத் தூவிப் பொரித்த பத்ரோன் மிளகாய், கோடையில் காஸ்பாச்சோ என்னும் குளிர்ந்த தக்காளிச் சாறு. எஸ்கலிவாதா மீது சில இடங்களில் நெத்திலி வைப்பார்கள்; கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை உண்பவருக்கு தொர்த்தியா என்னும் தடித்த உருளைக்கிழங்கு முட்டை அடை எங்கும் கிடைக்கும். மதிய உணவு இரண்டு மணிக்கு, இரவு உணவு ஒன்பது மணிக்கு. ஏழு மணிக்கே விரிவான இரவு உணவு தரும் கடை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்காக நடப்பது.

கேள்வி (கொழும்பு): ஃபிளமெங்கோவை முதன்முறை கேட்பவர் எங்கே செல்ல வேண்டும்? எதைக் கவனிக்க வேண்டும்?

ஆட்டத்தைக் காணச் செல்பவர்கள் பாட்டைத் தவறவிடுகிறார்கள். ஃபிளமெங்கோவில் தலைமை பாடகருக்கு உரியது. கிதாரும் ஆட்டமும் அவரைப் பின்தொடர்கின்றன. ஹெரேஸில் சாந்தியாகோ, சான் மிகேல் என்னும் இரு பழைய பகுதிகளும், செவில்லாவில் ஆற்றுக்கு அப்பாலுள்ள திரியானாவும் இந்தக் கலை வளர்ந்த இடங்கள். ‘பெஞ்ஞா’ எனப்படும் ரசிகர் மன்றங்களில் நடக்கும் சிறு கச்சேரி கிடைத்தால், இரவு உணவோடு சேர்த்து விற்கப்படும் காட்சிகளை விட்டுவிட்டு அங்கே செல்லுங்கள்.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவருக்கு ‘கொம்பாஸ்’ எனப்படும் தாளச் சுழற்சி பெருவிருந்து. சொலெயா, புலெரியா ஆகிய வகைகளில் சுழற்சிக்குப் பன்னிரண்டு எண்ணிக்கை. அழுத்தம் 12, 3, 6, 8, 10 ஆகிய இடங்களில் விழும். அதாவது மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. இதே சுழற்சியை எட்டாவது எண்ணிக்கையிலிருந்து தொடங்கி மெதுவாக நடத்தினால் அது செகிரியா, துயரம் மிகுந்த வகை. புலெரியாவோ விரைவும் களிப்பும் கொண்டது. அழுத்தங்களின் வரிசை ஒன்றே, எடுக்கும் இடமும் காலமும் வேறு. விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேளுங்கள்.

கை மட்டும் தட்டாதீர்கள். அங்கே கைத்தாளம் பயிற்சி பெற்றவர் வாசிக்கும் கருவி; பார்வையாளரின் கைத்தட்டல் கலைஞரின் கொம்பாஸைக் குலைக்கும்.

கேள்வி (பெங்களூரு): ஃபிளமெங்கோ நமது கதக்கிலிருந்து பிறந்தது என்பதை நீங்கள் ஏன் சொல்லவில்லை?

அது உண்மை அன்று என்பதால் சொல்லவில்லை. ஃபிளமெங்கோவை வளர்த்தவர்களுள் முக்கியமானவர்களான ரோமா (ஜிப்சி) மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை மொழியியலும் மரபணு ஆய்வும் உறுதி செய்கின்றன. 1425இல் அரகோனில் அவர்களைப் பற்றிய பதிவு கிடைக்கிறது. ஆனால் ஃபிளமெங்கோ என்று நாம் அறியும் கலை உருப்பெற்றது 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும், அந்தலூசிய மண்ணில். கதக்கின் இன்றைய வடிவமும் லக்னோ, ஜெய்ப்பூர் அரசவைகளில் ஏறத்தாழ அதே காலத்தில்தான் செம்மை பெற்றது. இரண்டு கலைகளும் தனித்தனியே ஒரே காலத்தில் வளர்ந்திருக்க, ஒன்று மற்றொன்றைப் பெற்றது என்று எப்படிச் சொல்ல முடியும்?

கேள்வி (சேலம்): சைவ உணவு கிடைக்குமா?

மயிலாப்பூர் வாசகருக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

கேள்வி (டொராண்டோ): பாதத்தட்டு, கைச்சுழற்சி, சுழன்று நிற்பது ஆகிய அனைத்தும் ஒத்திருக்கும்போது, தொடர்பே இல்லை என்று எப்படிச் சொல்லலாம்?

மக்களின் வம்சத் தொடர்பை நான் மறுக்கவில்லை. கலையின் நேரடித் தொடர்பையே மறுக்கிறேன். ஃபிளமெங்கோவில் காலடி வேலை இன்றுள்ள அளவுக்குப் பெருகியது 19ஆம் நூற்றாண்டின் இசைக் கூடங்கள் தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் மேடைகள் வரையிலான வளர்ச்சி. ஆயிரம் ஆண்டுகளாகக் காப்பாற்றப்பட்டுவந்த பழம்பொருள் அன்று அது. அந்த இசைக் கூடங்களில் மிகப் புகழ்பெற்றதொன்றைச் செவில்லாவில் நடத்திய பாடகர் சில்வேரியோ ஃபிராங்கோனெத்தி ரோமா இனத்தவரே அல்லர், இத்தாலியத் தந்தைக்குப் பிறந்தவர். கியூபாவிலிருந்து திரும்பி வந்த குவாஹிரா, வடக்கிலிருந்து இறங்கிய ஃபாருக்கா ஆகிய வகைகள் எனப் பல ஓடைகள் இதில் கலந்தன. இன்று எந்த மேடையிலும் காணப்படும் பெட்டித் தாளக்கருவியான கஹோன் பெருநாட்டின் ஆப்பிரிக்க வம்சாவளியினருடையது. 1970களின் பிற்பகுதியில் கிதார் கலைஞர் பாக்கோ தெ லூசியாதான் அதை ஃபிளமெங்கோவுக்குள் கொண்டுவந்தார்.

கேள்வி (மதுரை): இந்தியாவின் பங்கைக் குறைத்துச் சொல்வதில் உங்களுக்கு என்ன மகிழ்ச்சி, ஐயா?

மகிழ்ச்சி எதுவும் இல்லை. எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. 1499 முதல் ஸ்பானிய அரசு ரோமா மக்களின் உடை, மொழி, வாழ்க்கை முறை அனைத்துக்கும் எதிராகச் சட்டங்கள் பிறப்பித்தது. 1749 ஜூலையில் ஒரே திட்டத்தின்கீழ் நாடெங்கும் ஆயிரக்கணக்கான ரோமா மக்களைச் சிறைப்பிடித்து, ஆண்களையும் பெண்களையும் பிரித்து, கடற்படைக் கப்பல் தளங்களுக்கும் கட்டாய உழைப்புக்கும் அனுப்பியது. ஹெரேஸிலும் திரியானாவிலும் கொல்லுப்பட்டறைகளில் வேலை செய்த அந்த மக்கள், அதே மண்ணில், அதே அண்டை வீட்டாரின் பாடல்களையும் சேர்த்துக்கொண்டு உருவாக்கியது செகிரியா. அதை நம் நாட்டு அரசவை நடனத்தின் நகல் என்று சொல்லும்போது, துன்பத்தின் நடுவே அவர்களே படைத்த ஒன்றை அவர்களிடமிருந்து எடுத்துவிடுகிறோம். 1922இல் கிரனாடாவில் இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயாவும் கவிஞர் லோர்காவும் ஃபிளமெங்கோவின் பழைய, ஆழ்ந்த வகையான ஆழ்பாட்டுக்குப் போட்டி நடத்தியபோதுகூட, தொலைதூரக் கிழக்கின் வேர்களைப் பற்றி உணர்ச்சியோடு பேசினார்கள். அவர்களுடைய அன்பை மதிக்கிறேன், அந்த வரலாற்றை ஏற்கவில்லை. இதைப் பற்றி மேலும் வந்துள்ள நான்கு கேள்விகளுக்கும் இதுவே என் விடை.

கேள்வி (ஈரோடு): அல்ஹம்ப்ராவுக்கு நேரில் சென்று சீட்டு வாங்கலாமா?

வாங்க முடியாமல் வாயிலோடு திரும்பியவர்கள் பலர். அதிகாரபூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். அதனுள் இருக்கும் நஸ்ரித் அரண்மனைகளுக்குக் குறித்த நேரத்தில்தான் நுழைய முடியும், சீட்டில் பெயர் இருக்கும், கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): பயேயா என்னும் அரிசி உணவை அதன் உண்மையான வடிவில் எங்கே சாப்பிடலாம்? நாங்கள் வீட்டில் இறாலும் சொசேஜும் சேர்த்துச் செய்கிறோம்.

வாலென்சியாவில், மதியத்தில். நகருக்குத் தெற்கே அல்புஃபேரா என்னும் நன்னீர் ஏரி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள வயல்களின் குறுகிய, பருத்த அரிசிதான் பயேயாவின் உயிர். போம்பா, செனியா என்பவை பெயர்பெற்ற இரகங்கள். வயல்வெளி உழவர்களின் உணவாகத் தோன்றியதால் மரபான பயேயாவில் கோழி, முயல், பச்சை பீன்ஸ், கரோஃபோ என்னும் பெரிய வெள்ளை அவரை, தக்காளி, குங்குமப்பூ, ஆலிவ் எண்ணெய் ஆகியவையே சேரும். சில இடங்களில் நத்தையும் உண்டு. கடலோரத்தில் மீனும் இறாலும் சேர்ந்த பயேயாவும் மரபுக்கு உட்பட்டதே. சொசேஜ் சேர்ப்பதை வாலென்சியாக்காரர் ஏற்கமாட்டார், நானும் ஏற்கமாட்டேன்.

சமைக்கும் முறையில்தான் அருமை இருக்கிறது. அகன்ற, ஆழமற்ற சட்டியில் இறைச்சியை நன்றாகச் சிவக்க வதக்கி, நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அரிசியைப் பரப்பியபின் கிளறவே கூடாது. கிளறினால் மாவுச்சத்து வெளியேறிக் குழைந்துவிடும். அரிசி மெல்லிய படலமாகக் கிடந்து குழம்பு முழுவதையும் குடித்து, அடியில் லேசாக முறுகிப் பிடிக்க வேண்டும். ‘சொகரட்’ எனப்படும் அந்த முறுகலுக்காக, நம் வீடுகளில் அடிப்பிடித்த சாதத்துக்குக் குழந்தைகள் போட்டியிடுவதைப் போலவே, மேசையைச் சுற்றியிருப்போர் கரண்டியோடு காத்திருப்பார்கள். ஆரஞ்சு மர விறகில் சமைப்பது சிறப்பு. ஆளுக்கு ஒரு தட்டாக உடனே கொண்டுவந்தால் அது முன்பே சமைத்தது. வாசலில் வண்ணப் படங்களோடு உணவுப் பட்டியல் வைத்திருக்கும் கடையில் உட்காராதீர்கள். எந்த ஊருக்கும் இதைச் சொல்வேன்.

கேள்வி (நாகர்கோவில்): டாக்கோவும் சல்சா நடனமும் எந்த ஊரில் சிறப்பு?

டாக்கோ மெக்சிகோவுக்கு உரியது. சல்சா கியூபா, புவெர்த்தோ ரிக்கோ இசையிலிருந்து நியூயார்க்கில் வளர்ந்தது.

கேள்வி (தேனி): ஜல்லிக்கட்டைப் போன்றதுதானே அங்குள்ள காளைப் போர்? பார்க்கலாமா?

அங்கே முடிவில் காளையைக் கொல்வார்கள். என் குழுவை நான் அழைத்துச் செல்வதில்லை.

கேள்வி (தஞ்சாவூர்): கிதார் கற்கும் என் மகளுக்கு அங்கே என்ன காட்டலாம்?

கிரனாடாவில் அல்ஹம்ப்ராவுக்கு ஏறும் கோமெரெஸ் சரிவுத் தெருவில் கிதார் செய்பவர்களின் பட்டறைகள் இருக்கின்றன. முன்பே கேட்டுக்கொண்டு சென்றால் வேலையைப் பார்க்க விடுவார்கள். இன்றைய செவ்வியல் கிதாரின் அளவையும் உள்ளிருக்கும் விசிறி வடிவக் கம்பைகளையும் நிலைப்படுத்தியவர் அல்மேரியாவின் அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892). சைப்ரஸ் மரத்தில் செய்த ஃபிளமெங்கோ கிதாருக்கும் ரோஸ்வுட்டில் செய்த செவ்வியல் கிதாருக்கும் உள்ள ஒலி வேறுபாட்டை அவளையே மீட்டிப் பார்த்து உணரச் சொல்லுங்கள். முதல் ஒலி கூர்மையாக எழுந்து உடனே அடங்கும், மற்றது ஆழ்ந்து நீளும்.

கேள்வி (வேலூர்): சைவ உணவு பற்றிச் சொல்லுங்கள். எந்த மாதம் செல்வது நல்லது?

முதல் பகுதிக்கு விடை மேலே இருமுறை இருக்கிறது. ஏப்ரல் பிற்பகுதி, மே, அக்டோபர் ஆகியவை நல்லவை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் செவில்லாவிலும் கோர்தோபாவிலும் வெயில் 40 பாகையைத் தாண்டும். ஆகஸ்டில் குடும்பம் நடத்தும் சிறு உணவகங்கள் பல மூடியிருக்கும். புனித வாரத்தில் சென்றால் செவில்லாவில் மாடங்களிலிருந்து ஊர்வலச் சிலைகளை நோக்கிப் பாடப்படும் சயேத்தா என்னும் பக்திப் பாடலைக் கேட்கலாம், ஆனால் விடுதி வாடகை பன்மடங்கு உயரும். கோர்தோபாவின் வீட்டு முற்றங்கள் பூக்களோடு திறந்திருப்பது மே மாத முதல் பாதியில். அந்த நாள்களைத் தேர்ந்தால், அல்ஹம்ப்ரா சீட்டைத்தான் முதலில் பாருங்கள்.