திட்டுங்கள், ஆளைப் பார்த்துத் திட்டுங்கள்

கேள்வி: எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது வாங்கிய பேஸ்பால் ஆட்டக்காரர் மூக்கி பெட்ஸை 2020-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குத் தாரைவார்த்த எங்கள் பாஸ்டன் ரெட் சாக்ஸின் ஜெனரல் மேனேஜர் (அணிக்கு ஆள் சேர்க்கும் நிர்வாகி) ஹைம் ப்ளூமை எங்களால் மன்னிக்க முடியாது. நீங்களோ போன இதழில் “ரசிகர்கள் கணக்குப் பார்ப்பதில்லை” என்று ஒரே வரியில் எங்களைத் தள்ளிவிட்டீர்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறவனுக்கு ஜெனரல் மேனேஜரை எடைபோட உரிமை இல்லையா? அடி வாங்குகிற கிழட்டு பிட்சரை (பந்து வீசுபவரை) வைத்துக்கொண்டு, நன்றாகப் போடும் இளைஞனை வூஸ்டரில் உள்ள மைனர் லீக் (கீழ்மட்ட) அணிக்கு அனுப்புவதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமா?
— பாஸ்டன் வாசகர் ஒருவர்

பதில்: உரிமை தாராளமாக உண்டு. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் வழக்கில் பிரதிவாதியும் தப்பு, குற்றச்சாட்டும் தப்பு.

முதலில் பதவி. அன்றைக்கு ரெட் சாக்ஸில் ஜெனரல் மேனேஜர் என்ற பட்டம் பிரையன் ஓஹாலரனிடம் இருந்தது. ப்ளூம் ‘சீஃப் பேஸ்பால் ஆஃபீசர்’. இப்போது பல கிளப்களில் இப்படித்தான், ஜெனரல் மேனேஜர் இரண்டாம் இடத்து ஆள். போகட்டும், ஆட்களை எடுப்பதும் விடுப்பதும் ப்ளூம் பொறுப்பு என்பதில் நமக்குள் சண்டை இல்லை.

2019 அக்டோபரில் டாம்பா பேயிலிருந்து அவர் வந்து உட்கார்ந்தபோது என்ன நிலைமை? 2018-இல் 108 ஆட்டம் ஜெயித்து உலகத் தொடர் என்னும் சாம்பியன் பட்டத்தையும் வாங்கிக் கொடுத்த முந்தைய நிர்வாகி டேவ் டோம்ப்ரவ்ஸ்கியை ஒரு மாதம் முன்புதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் போனார், அவர் எழுதிய ஒப்பந்தங்கள் போகவில்லை. மூன்று பிட்சர்கள்: டேவிட் ப்ரைஸுக்கு 7 ஆண்டுக்கு 217 மில்லியன் டாலர், கிறிஸ் சேலுக்கு 5 ஆண்டுக்கு 145 மில்லியன், நேதன் ஈவால்டிக்கு 4 ஆண்டுக்கு 68 மில்லியன். பெட்ஸுக்கு 2020 சம்பளம் 27 மில்லியன். அந்த சீசன் முடிந்தால் அவர் ஃப்ரீ ஏஜென்ட், எங்கு வேண்டுமானாலும் போகலாம். சந்தையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற மனநிலையில் அவரும் இல்லை.

இனி வரி. ஐபிஎல் ஏலத்தில் பர்ஸ் காலியானால் கையைத் தூக்க முடியாது. பேஸ்பாலில் அப்படிப்பட்ட உச்சவரம்பு கிடையாது. அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு கோடு மட்டும் உண்டு. 2020-இல் அது 208 மில்லியன். தாண்டினால் தாண்டிய தொகைக்கு வரி: முதல் ஆண்டு 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டு 50. கோட்டுக்கு மேல் 20 மில்லியனைக் கடந்தால் கடந்த பகுதிக்கு இன்னொரு 12 சதவீதம். 40 மில்லியனைக் கடந்தால் டிராஃப்டில் (கிளப்கள் முறைவைத்துப் புது இளைஞர்களை எடுப்பதில்) முதல் தேர்வு பத்து இடம் பின்னால் போகும். ஒரே ஓர் ஆண்டு கோட்டுக்குக் கீழே இறங்கினால் பழைய பாவமெல்லாம் கழிந்து மறுபடி 20-இல் தொடங்கலாம். இந்தக் கணக்கில் அந்த ஆண்டு கொடுக்கும் சம்பளம் பெரும்பாலும் செல்லாது, ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரிதான் செல்லும். ப்ரைஸுக்கு 217-ஐ 7-ஆல் வகுத்து 31 மில்லியன் என்று எழுதுவார்கள். இது தெரியாமல் செய்தித்தாளில் வந்த சம்பளப் பட்டியலைக் கூட்டிப்பார்த்து “கோட்டுக்குக் கீழேதானே இருக்கிறோம்” என்று வாதாடுவோர் ஏராளம்.

ரெட் சாக்ஸ் 2018-இல் சுமார் 12 மில்லியன், 2019-இல் சுமார் 13 மில்லியன் வரி கட்டியிருந்தது. மூன்றாம் ஆண்டும் 30 மில்லியன் தாண்டியிருந்தால் என்ன ஆகும்? 30-க்கு 50 சதவீதம் 15 மில்லியன், 20-க்கு மேற்பட்ட 10-க்கு 12 சதவீதம் 1.2 மில்லியன், ஆக 16.2. பெட்ஸை இன்னும் ஓர் ஆண்டு வைத்துக்கொண்டு பேரம் பேசுவதன் வரிச்செலவு அவ்வளவுதான். தன் மைதானமான ஃபென்வே பார்க்கை நிரப்புகிற ஒரு கிளப்புக்கு இது உயிர்போகிற தொகையா? இல்லை. கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டும் என்ற விருப்பத்தை 2019 செப்டம்பரிலேயே, ப்ளூம் வேலைக்கு வருவதற்கு முன்பே, வாய்விட்டுச் சொன்னவர் உரிமையாளர் ஜான் ஹென்றி. ஆக, பெட்ஸ் போனதற்கான பில் அவர் பேருக்குத்தான் போக வேண்டும்.

ப்ளூமைக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: விற்கத்தான் வேண்டுமென்றால் சரியான விலைக்கு விற்றாரா? இங்கேதான் ரசிகர்கள் பெட்ஸோடு சேர்த்து அனுப்பிய ப்ரைஸை மறந்துவிடுகிறார்கள். ப்ரைஸுக்கு மூன்றாண்டில் இன்னும் 96 மில்லியன் பாக்கி இருந்தது. அதில் பாதியை ரெட் சாக்ஸ் கட்டும், மீதியை டாட்ஜர்ஸ் கட்டும் என்று முடிவானது. அதாவது பெட்ஸுக்குக் கிடைத்திருக்க வேண்டிய விலையில் ஒரு பங்கு, 48 மில்லியன் கடனை அடுத்தவர் தலையில் ஏற்றுவதற்கே செலவாகிவிட்டது. மிச்சத்துக்கு வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். முதலில் பேசிய மும்முனை ட்ரேடில் (ஆட்டக்காரர் பரிமாற்றத்தில்) மினசோட்டா கிளப்பின் பிட்சர் ப்ரூஸ்டார் கிராட்டெரோல் பாஸ்டனுக்கு வருவதாக இருந்தது. அவருடைய மருத்துவ அறிக்கையைப் பார்த்து ரெட் சாக்ஸ் தயங்க, பேரம் சில நாள் தொங்கி, வேறு உருவத்தில் முடிந்தது. கிராட்டெரோல் கடைசியில் டாட்ஜர்ஸுக்கே போய், அதே ஆண்டு உலகத் தொடரில் பந்து வீசினார். டவுன்ஸ் 2022-இல் ரெட் சாக்ஸுக்காக 39 தடவை மட்டை பிடித்து 6 ஹிட் அடித்தார், டிசம்பரில் வேறு கிளப் அவரைத் தூக்கிக்கொண்டது. ப்ளூமின் பங்கு இதுதான்: ப்ரைஸையும் சேர்த்துக் கட்டியது, டவுன்ஸைத் தப்பாக மதிப்பிட்டது. இதற்கு அவரைத் தாராளமாகத் திட்டலாம்.

ஆனால் அவருடைய உண்மையான பிழை 2022 ஆகஸ்டில் நடந்தது. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

அந்த ஆண்டு வரிக்கோடு 230 மில்லியன், ரெட் சாக்ஸ் அதற்குக் கொஞ்சம் மேலே. ஜூலையில் அணி மண்ணைக் கவ்வியிருந்தது. ட்ரேட் கெடுவுக்கு முந்தைய நாள் ஹூஸ்டனில், ஆட்டத்துக்கு முன் மட்டைப் பயிற்சியில் இருந்த கேட்சர் (கிரிக்கெட் கீப்பர் மாதிரி) கிறிஸ்டியன் வாஸ்கெஸுக்குச் செய்தி வந்தது. அன்று எதிரணியாக இருந்த ஆஸ்ட்ரோஸுக்கே அவரை விற்றாகிவிட்டது. சரி, விற்பனைதான் திட்டம் போல என்று நினைத்தால், மறுபக்கம் ப்ளூம் டாமி ஃபாமையும் எரிக் ஹாஸ்மரையும் வாங்கினார். ஃப்ரீ ஏஜென்டாகப் போகவிருந்த ஜே.டி. மார்ட்டினெஸையும் ஈவால்டியையும் விற்காமல் வைத்துக்கொண்டார். முழுதாக விற்கவும் இல்லை, முழுதாக வாங்கவும் இல்லை. அணி 78-84 என்று கடைசி இடத்தில் முடித்தது. கோட்டைத் தாண்டியதற்குக் கட்டிய வரி 1.2 மில்லியன்தான், அற்பத் தொகை. தண்டனை வேறு இடத்தில் விழுந்தது. கிளப் கொடுக்கும் ஓராண்டு ‘குவாலிஃபையிங் ஆஃபரை’ மறுத்து ஒரு ஆட்டக்காரர் வேறிடம் போனால், பழைய கிளப்புக்கு ஈடாக ஒரு டிராஃப்ட் தேர்வு கிடைக்கும். ரெட் சாக்ஸ் போன்ற கிளப் கோட்டுக்குக் கீழே இருந்தால் அது இரண்டாம் சுற்றை அடுத்து வரும், மேலே இருந்தால் நான்காம் சுற்றுக்குப் பின்னால் போய்விடும். ஸாண்டர் போகார்ட்ஸும் ஈவால்டியும் அந்தக் குளிர்காலத்தில் போனார்கள். எழுபதை ஒட்டி வந்திருக்க வேண்டிய இரண்டு தேர்வுகள் 132, 133 ஆயின. சில மில்லியன் சம்பளத்தைக் கழற்றியிருந்தால் தவிர்த்திருக்கலாம்.  இதற்கு ஹென்றியைக் காரணம் காட்ட முடியாது.

வேடிக்கை இனிமேல்தான். அந்த 132-ஆவது தேர்வில் எடுத்த பையன் கிறிஸ்டியன் கேம்ப்பெல். 2025 ஏப்ரலில் அவருக்கு 8 ஆண்டு, 60 மில்லியன் ஒப்பந்தம் கொடுத்தார்கள். உடனே “பார்த்தீர்களா, ப்ளூம் செய்தது நல்லதாகத்தான் போச்சு” என்று ஒரு கூட்டம் கிளம்பியது. ஜூனில் கேம்ப்பெல்லை மைனர் லீகுக்கு அனுப்பியதும் அதே கூட்டம் அமுங்கிப் போனது. 2022-இல் எடுத்த முடிவு இந்த இரண்டு தடவையும் ஒரு இம்மிகூட மாறவில்லை. எழுபதில் எடுக்க முடிந்தவனை 132 வரை காத்திருந்து எடுப்பது எந்த நாளிலும் சாமர்த்தியம் ஆகாது. வாஸ்கெஸ் விஷயம் இதற்கு நேர்மாறு. ஆதரவான கேட்சரைக் கழற்றிவிட்டார் என்று அன்று கத்தினீர்கள். பதிலுக்கு வந்த இருவரில் ஒருவர் வில்யர் அப்ரேயு, வலது ஃபீல்டில் 2024-இல் கோல்ட் க்ளவ் (சிறந்த ஃபீல்டிங்) விருது வாங்கியவர். இரண்டே மாத ஒப்பந்தம் மிச்சமிருந்த கேட்சரைக் கொடுத்து, பல ஆண்டு கைவசம் இருக்கும் இளைஞர் இருவரை வாங்குவது, அப்ரேயு ஒன்றுமில்லாமல் போயிருந்தாலும் நல்ல முடிவே.

வூஸ்டர் விவகாரத்துக்கு வருகிறேன். களத்துக்கான பட்டியல் 26 பேர். அவர்களையும் சேர்த்துக் கிளப் கையில் வைத்திருக்கும் பட்டியல் 40 பேர். 40-இல் இருப்பவரை மூன்று சீசன் வரை யாரையும் கேட்காமல் மைனருக்கு அனுப்பலாம். இதற்குத்தான் ‘ஆப்ஷன்’ என்று பேர். ஒரு சீசனில் 20 நாளாவது கீழே இருந்தால்தான் ஓர் ஆப்ஷன் தீர்ந்ததாகக் கணக்கு. 2022 முதல் ஒரு சீசனில் ஐந்து தடவைக்கு மேல் இறக்க முடியாது. அனுப்பிய பிட்சர் 15 நாள் அங்கேயே இருக்க வேண்டும், காயம்பட்டவருக்கு மாற்றாக அழைப்பது போன்ற சில சமயம் விலக்கு உண்டு. ஆப்ஷன் தீர்ந்தவரை இறக்க வேண்டுமானால் ‘வேவர்ஸில்’ போட வேண்டும், வேறு கிளப் கை நீட்டினால் சும்மா போய்விடுவார். யாரும் எடுக்காவிட்டாலும், ஐந்தாண்டு சேவை முடித்தவர் மைனருக்குப் போக மறுத்து, மிச்சச் சம்பளத்தை முழுதாக வாங்கிக்கொண்டு விலகலாம். எனவே நீங்கள் சொல்லும் கிழவருக்கு ஆப்ஷன் இல்லை, இளைஞருக்கு இருக்கிறது, அவ்வளவுதான். முந்தின நாள் மூன்று இன்னிங்ஸ் போட்ட இளைஞரால் எப்படியும் இரண்டு நாள் வீச முடியாது. ஒரு புதுக் கைக்காக அவரை அனுப்புவார்கள். திட்டுவதற்கு முன் ஆப்ஷன் எத்தனை மிச்சம் என்று பாருங்கள். மூன்றாவது ஆப்ஷனும் அவசரத்துக்கு வீணாகியிருந்தால் அப்போது கத்துங்கள், நியாயம்.

நாற்பதாவது இடம் எவ்வளவு விலையுயர்ந்தது என்பதற்கு பிட்சர் காரட் விட்லாக் சாட்சி. முழங்கை அறுவைக்குப் பின் தேறிக்கொண்டிருந்த அவரை யாங்கீஸ் தன் 40-இல் சேர்க்கவில்லை. 2020 டிசம்பரில், 40-இல் சேர்க்காதவர்களை மற்ற கிளப்கள் எடுக்கிற ‘ரூல் 5’ டிராஃப்டில் ப்ளூம் 1,00,000 டாலருக்கு எடுத்தார். எடுத்தவரைச் சீசன் முழுதும் களப்பட்டியலிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பழைய கிளப்புக்கே திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும். 2021-இல் அவருடைய ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி, குறைந்தால் நல்லது) 1.96. அந்த அணி 92 வெற்றியுடன் லீக் இறுதிவரை போனது. அதே ப்ளூம்தான் அந்த ஆண்டு 31 ஹோம் ரன் அடித்த ஹன்டர் ரென்ஃப்ரோவைக் கொடுத்து, .163 என்ற மட்டமான பேட்டிங் சராசரி வைத்திருந்த ஜாக்கி பிராட்லி ஜூனியரை வாங்கினார். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

ப்ளூம் போனால் விடியும் என்றார்கள். 2023 செப்டம்பரில் போனார், க்ரெய்க் ப்ரெஸ்லோ வந்தார். 2025 ஜூன் 15-இல் நட்சத்திர மட்டைக்காரர் ரஃபேல் டெவர்ஸ் சான் ஃப்ரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்குப் போனார். 313.5 மில்லியன் ஒப்பந்தத்தில் பாக்கியிருந்த 250 மில்லியனுக்கும் மேற்பட்ட தொகை முழுதும் ஜயன்ட்ஸ் தலையில். அணி 89 வெற்றியுடன் ப்ளேஆஃபுக்குப் போனதும் “பார், ப்ரெஸ்லோ செய்தது சரி” என்று பழைய பாட்டு மறுபடி தொடங்கியது. டெவர்ஸுக்கும் கிளப்புக்கும் வந்த தகராறின் வேர் பிப்ரவரியில் இருக்கிறது. மூன்றாம் பேஸ் தனக்குத்தான் என்று நம்பியிருந்தவருக்கு மேல் அலெக்ஸ் பிரெக்மனைக் கொண்டுவந்தார்கள். கையில் கிளவுஸே வேண்டாம், மட்டை மட்டும் பிடி என்றார்கள். மே மாதம் முதல் பேஸ்காரர் டிரிஸ்டன் காசாஸ் காயப்பட்டதும் அங்கே போய் நில் என்றார்கள். பிரெக்மனோடு ஒப்பந்தம் போடுமுன் டெவர்ஸோடு ஒரு தடவை உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் இந்த விவகாரத்துக்காக ப்ரெஸ்லோவை இன்றைக்கே திட்டலாம். மிச்சமான 250 மில்லியன் எந்த ஆட்டக்காரராகத் திரும்பி வருகிறது என்ற கேள்வியை மட்டும் தனியாக எடுத்து, ஹென்றி விலாசத்துக்கு அனுப்புங்கள்.