இலையைத் திருப்பிப் பாருங்கள்: பறவைக்கூட்டுப் பெரணி கேள்வி பதில்

பறவைக்கூட்டுப் பெரணி, அதாவது அஸ்ப்ளீனியம் நைடஸ் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன். பாதிக் கேள்விகளுக்கு விடை இலையின் அடிப்பக்கத்திலேயே இருக்கிறது. செடி இருப்பவர்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி (புதிதாகச் செடி வளர்ப்பவர்): மேடம், இலைக்கு அடியில் பழுப்பு நிறத்தில் கோடு கோடாக ஏதோ வந்திருக்கிறது. பூச்சி என்று நினைத்து மூன்று இலைகளை வெட்டிவிட்டேன். மருந்து அடிக்க வேண்டுமா?

முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள் அம்மா. இது நோயே இல்லை. உங்கள் செடி வயதுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கோடு ஒவ்வொன்றும் ஒரு சோரஸ். நரம்பை ஒட்டி ஸ்போர்ப் பைகள் (விதைக்குப் பதிலாகப் பெரணி பரப்பும் நுண்துகள்களின் பைகள்) நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் இடம் அது. இளசாக இருக்கும்போது இண்டூசியம் என்ற மெல்லிய வெளிர்நிறச் சவ்வு அதை மூடியிருக்கும். சவ்வின் ஓர் ஓரம் நரம்போடு ஒட்டியிருக்கும். மறு ஓரம் பெட்டி மூடி போலத் திறக்கும். பைகள் முற்றும்போதுதான் நீங்கள் பார்த்த பழுப்பு நிறம் வரும்.

சோரஸ் என்றால் நடுநரம்பின் இரு பக்கமும் சாய்வாக, ஏறக்குறைய ஒரே இடைவெளியில், சீப்புப் பல் போல வரிசையாக இருக்கும். செதில் பூச்சிக்கு அந்த ஒழுங்கு கிடையாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக, நடுநரம்பின் மேலும் இலையின் மேற்பக்கத்திலும்கூட ஒட்டியிருக்கும். நகத்தால் நெம்பினால் முழுசாகப் பெயர்ந்து வரும், இலையும் பிசுபிசுக்கும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் கிடைத்தால், முற்றிய இலைத்துண்டு ஒன்றை மேசை விளக்கின் சூட்டில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பையையும் தடித்த சுவருள்ள செல்களின் வளையம் ஒன்று சுற்றியிருக்கும். அந்தச் செல்களில் நீர் வற்ற வற்ற வளையம் பின்னோக்கி வளைந்து பையைப் பிளக்கும். ஓர் எல்லைக்கு மேல் தாங்காமல், சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பும். கவண்கல் போல ஸ்போர்கள் பறக்கும். பைகள் துள்ளுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இத்தனை ஆண்டுகளாகப் பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை.

கேள்வி (தாவரவியல் மாணவி): இதன் வகைப்பாட்டைச் சொல்லுங்கள் மேடம். ஒரு புத்தகத்தில் அஸ்ப்ளீனியம் என்றும் இன்னொன்றில் நியோட்டாப்டெரிஸ் என்றும் இருக்கிறது. எது சரி?

அஸ்ப்ளீனியம்தான் சரி. பாலிபோடியாப்சிடா வகுப்பு, பாலிபோடியேல்ஸ் வரிசை, அஸ்ப்ளீனியேசியே குடும்பம், அஸ்ப்ளீனியம் பேரினம். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் இது. நைடஸ் என்றால் லத்தீனில் கூடு.

நியோட்டாப்டெரிஸ் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் நீங்கள் பெயரை மறக்க மாட்டீர்கள். அஸ்ப்ளீனியம் பேரினத்தில் சுமார் 700 சிற்றினங்கள் உண்டு. பலவற்றின் இலைகள் சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்தவை. நரம்புகள் ஓரம்வரை தனித்தனியாகவே போகும். நம்முடையதோ பிளவே இல்லாத பட்டையான இலை. ஓர் இலையைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பக்க நரம்புகள் எல்லாம் இணையாக ஓடி, ஓரத்துக்குச் சற்று முன்பாக ஒரே நரம்பில் போய்ச் சேர்வது தெரியும், சட்டையின் ஓரத்தில் தையல் ஓடுகிற மாதிரி. இவ்வளவு வேறுபட்டது ஒரே பேரினத்தில் இருக்குமா என்று யோசித்துத்தான் 19ஆம் நூற்றாண்டில் இதைப் பிரித்தார்கள்.

பிறகு டிஎன்ஏ ஆய்வுகள் வந்தன. கூட்டுப் பெரணிகள் அஸ்ப்ளீனியம் மரபுக்கிளையின் உள்ளேயே முளைத்தவை என்று தெரிந்தது. அவற்றை மட்டும் வெளியே எடுத்தால் மீதியிருப்பது முழுமையான ஒரு வம்சமாக நிற்காது. அதனால் நியோட்டாப்டெரிஸ் இன்று ஒரு பழைய பெயர் மட்டுமே. உலர்தாவரத் தாள்களில் அதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

கேள்வி (பால்கனித் தோட்டக்காரர்): என்னிடம் இரண்டு செடிகள். இரண்டையும் நைடஸ் என்றுதான் விற்றார்கள். ஒன்றின் இலை அகலம், மற்றது ஒடுக்கம். இரண்டும் ஒன்றா?

அகலத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் சார். வெளிச்சத்தையும் வயதையும் பொறுத்து அது மாறும். மறுபடியும் இலையைத் திருப்புங்கள். நைடஸில் சோரஸ் கோடுகள் நடுநரம்பில் தொடங்கி, ஓரத்துக்குப் போகும் வழியில் ஏறக்குறைய பாதியிலேயே நின்றுவிடும். கிட்டத்தட்ட ஓரம்வரை நீண்டிருந்தால் அது ஜப்பான், தைவான் பகுதிகளைச் சேர்ந்த அஸ்ப்ளீனியம் ஆன்டிகுவமாக இருக்கலாம். அடுத்து, நடுநரம்பின் அடிப்புறத்தை விரலால் தடவுங்கள். படகின் அடிமரம் போலக் கூர்மையாக எழும்பியிருந்தால் அஸ்ப்ளீனியம் ஆஸ்ட்ரலேசிகம். நைடஸில் அந்தக் கூர்மை இருக்காது, உருண்டையாக இருக்கும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ‘நைடஸ்’ என்ற பெயரைக் கொஞ்சம் தளர்வாகவே பிடித்துக்கொள்ளுங்கள். மேற்கு ஜாவாவின் ஹலிமுன் மலைக்காட்டில், பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த செடிகளில், தாவரங்களின் உறவை ஒப்பிட உதவும் ஆர்பிசிஎல் என்ற மரபணுவைப் படித்தபோது, மூன்று வகைகள் தனித்தனியாகத் தெரிந்தன. அவை ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதும் புலப்பட்டது. 2001இல் வெளிவந்த ஆய்வு அது. ஆப்பிரிக்காவின் கிழக்கிலிருந்து பசிபிக் தீவுகள்வரை நாம் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் நெருங்கிய பல இனங்களின் கூட்டம். என்னைக் கேட்டால் இந்தச் செடியின் பெரிய ஆச்சரியமே அதுதான்.

கேள்வி: மரத்தில் ஒட்டி வளர்வதால் மரத்தின் சத்தை உறிஞ்சுமா?

உறிஞ்சாது. மரத்திடம் கேட்பது உட்கார ஓர் இடம் மட்டுமே. வேர்கள் பட்டைக்குள் நுழையாமல் மேலேயே பின்னிப் பஞ்சுப்பொதி போலத் திரண்டு நீரைப் பிடித்து வைக்கும். சாப்பாடு மேலிருந்து விழுகிறது. புனல் வடிவ இலைக்கொத்தில் சருகுகள் சேர்ந்து மக்கி, செடி தனக்கான மண்ணைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஒரு மீட்டரைத் தாண்டும் அந்த இலைகள் அப்படி விரிந்திருப்பது சருகு பிடிக்கத்தான். கனம் தாங்காமல் கிளை முறிவது மட்டும் உண்டு.

கேள்வி (இயற்கை ஆர்வலர்): அந்தச் சருகுக்குள் உயிரினங்கள் வாழுமா?

ஒரு சிற்றூரே வாழும். போர்னியோவின் தானும் பள்ளத்தாக்கில் மர உச்சியிலிருந்து இந்தப் பெரணிகளை இறக்கி ஆராய்ந்தார்கள். பெரிய செடிகள் 200 கிலோ எடைவரை இருந்தன. ஒரே பெரணிக்குள் இருந்த பூச்சி முதலான சிற்றுயிர்களின் எடை, அந்த மர உச்சியின் மீதிப் பகுதி முழுவதிலும் உள்ளவற்றின் எடைக்கு நிகராக இருந்தது. இதை வைத்து, மழைக்காட்டு விதானத்தின் சிற்றுயிர் எடை மதிப்பீட்டையே இரட்டிப்பாக்க வேண்டும் என்று 2004இல் எழுதினார்கள்.

வேர்ப்பொதியின் அடியிலும் பாருங்கள். ஓஃபியோகுளோசம் பெண்டுலம் என்ற இன்னொரு பெரணி பச்சை நாடா போல அதிலிருந்து தொங்கும். பெரணிக்குப் பெரணி வீடு கொடுப்பதைப் பார்க்க அவ்வளவு அழகு.

கேள்வி: காட்டில் நடுவில்தானே மழை விழுகிறது? நான் நடுவில் தண்ணீர் ஊற்றினால் மட்டும் ஏன் அழுகுகிறது?

காட்டில் காற்றோட்டம் இருக்கிறது, நீர் வேர்ப்பொதி வழியே உடனே வடிந்துவிடும். தொட்டியில், மூடிய அறையில், குருத்தின் மேல் நீர் தேங்கி நிற்கும். சுற்றிலும் கலவையில் ஊற்றுங்கள். சுருண்டு எழும் இளங்குருத்தைத் தொடவே வேண்டாம். விரல் அழுத்திய இடம் இலை விரிந்த பிறகும் தழும்பாகத் தெரியும்.

கேள்வி: பூனை கடித்தால் ஆபத்தா?

இல்லை. பூனை, நாய் இரண்டுக்கும் நஞ்சற்ற செடிகளில் ஒன்றாகவே இது பட்டியலிடப்பட்டிருக்கிறது.

கேள்வி (முதலில் கேட்டவரே): இனி வெட்ட மாட்டேன் மேடம்! ஆனால் தோழிக்குப் பாதி பிரித்துக் கொடுக்கலாமா?

பிரித்தால் இரண்டு பேருக்கும் இல்லாமல் போகும். இதற்கு ஒரே தலைதான், எல்லா இலையும் அந்த ஒரே வளர்நுனியிலிருந்துதான் வரும். ஸ்போரிலிருந்து வளர்த்துக் கொடுங்கள். முற்றிய இலைத்துண்டை அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் ஓர் இரவு வையுங்கள். காலையில் சோரஸ் கோடுகளின் வடிவத்திலேயே பழுப்புத் தூள் உதிர்ந்திருக்கும். தாளைச் சாய்த்து மெல்லத் தட்டினால் காலிப் பைகள் உருண்டு ஓடும், நுண்ணிய ஸ்போர் தாளிலேயே தங்கும். அதைக் கொதிநீர் ஊற்றி ஆறவைத்த ஈரக் கலவையின் மேல் தூவி, மண்ணால் மூடாமல், கண்ணாடியால் மூடி, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வையுங்கள்.

சில வாரங்களில் பச்சைப் படலம் வரும், பாசி என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். அது நகக்கண் அளவுகூட இல்லாத இதய வடிவத் தகடுகளாக வளரும். அதுதான் பெரணியின் மறுதலைமுறை, கேமீட்டோபைட். ஆண் செல் நீந்திப் போய் முட்டையைச் சேர அதன்மேல் நீர்ப்படலம் வேண்டும். அவ்வப்போது பனி போலத் தெளியுங்கள். தகட்டின் பள்ளத்திலிருந்து முதல் குட்டி இலை எழும்ப மாதக்கணக்காகும். தோழியிடம் அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள்.